வாசகர் கேள்வி பதில்: பாத்மே சண்டை ஓய்ஞ்ச பிறகு

கிழக்கு ஆப்பிரிக்காவுல பக்கத்து பக்கத்து நாடான எத்தியோப்பியாவும் எரித்திரியாவும் 1998லேருந்து 2000 வரைக்கும் போட்டுக்கிட்ட எல்லைச் சண்டை பத்தி போன இதழ்ல ஒரு பக்கம் எழுதியிருந்தோம். அதுக்கு வந்த கடிதங்கள்ல பாதிக்கு மேல ஒரே கேள்விதான், சண்டை நின்ன பிறகு என்ன ஆச்சுன்னு. அதனால இந்த வாரம் முழுக்க அதுக்கே.

பாத்மேன்னு ஒரு ஊருக்காக சண்டைன்னு எழுதியிருந்தீங்க. அந்த ஊர்ல அப்படி என்னதான் இருக்கு சார்? (பள்ளி ஆசிரியை, தேனி)

ஒண்ணும் இல்லம்மா. எண்ணெய்க் கிணறு கிடையாது, துறைமுகம் கிடையாது, வறண்ட சமவெளியில ஒரு சின்ன டவுன், அவ்வளவுதான். எரித்திரியா எத்தியோப்பியாவை எதிர்த்து 30 வருஷம் போராடி 1993ல தனி நாடா ஆச்சு, ஆனா அப்ப எல்லையை யாரும் அளந்து கல்லு நடல. ஏன்னா எரித்திரியாவோட தலைவர் இசயாஸ் அஃபெவர்க்கியும் எத்தியோப்பியாவோட மெலஸ் ஜெனாவியும் ஒரே சர்வாதிகார ஆட்சியை எதிர்த்து தோளோட தோள் நின்னு சண்டை போட்டவங்க, எல்லைக்கு ரெண்டு பக்கமும் பேசறது திக்ரின்யா மொழிதான், நம்மளுக்குள்ள எதுக்கு வேலின்னு விட்டுட்டாங்க. 1997ல எரித்திரியா நக்ஃபான்னு சொந்தக் கரன்சி கொண்டுவந்துச்சு, அதுலேருந்து வியாபாரத்துல தகராறு, எல்லையில வரி வசூல்ல தகராறு, அப்புறம் 1998 மே மாசம் பாத்மே பக்கத்துல ஒரு துப்பாக்கிச் சூடு, ஒரு வாரத்துக்குள்ள எரித்திரியா டாங்கிகளோட உள்ள வந்துடுச்சு. அடுத்த மாசமே ஒருத்தர் ஊர்ல ஒருத்தர் விமானத்துலேருந்து குண்டு போடறாங்க, எத்தியோப்பியாவுல மெக்கெலேங்கற ஊர்ல பள்ளிக்கூடத்து மேலயே குண்டு விழுந்து குழந்தைங்க செத்துப்போனாங்க. ரெண்டு வருஷம் பதுங்கு குழி வெட்டி உக்காந்து, மனுஷங்களை அலை அலையா அனுப்பி நடந்த சண்டை. செத்தவங்க 70,000க்கு மேலன்னு பொதுவா சொல்றாங்க. அந்த நேரத்துல உலகத்துலயே ரொம்ப ஏழையா இருந்த நாடுகள் வரிசையில ரெண்டுமே உண்டு, அதை நெனச்சா இன்னும் வயிறு எரியுது.

சர்வதேச கோர்ட்டுக்குப் போனாங்களே, தீர்ப்பு வந்ததும் பிரச்சனை முடிஞ்சிருக்கணுமே? (ஓய்வு பெற்ற நீதிமன்ற ஊழியர், திருச்சி)

ஐயா, நீங்க கேட்ட இடம்தான் இந்தக் கதையோட முக்கியமான இடம், அதனால இதுக்கு கொஞ்சம் நீட்டி எழுதறேன்.

2000 டிசம்பர் 12ல அல்ஜீரியாவோட தலைநகர் அல்ஜியர்ஸ்ல ஒப்பந்தம் போட்டாங்க. எல்லையை முடிவு பண்ண ஒரு ஆணையம், நஷ்டஈடு முடிவு பண்ண இன்னொரு ஆணையம். எல்லை ஆணையம் சொல்றது இறுதியானது, ரெண்டு பேரையும் கட்டுப்படுத்தும்னு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாங்க. நெதர்லாந்துல இருக்கற ஹேக் நகரத்துல அஞ்சு பேர் உக்காந்து, இத்தாலி எரித்திரியாவை ஆண்ட காலத்துல எத்தியோப்பியாவோட 1900, 1902, 1908ல போட்ட ஒப்பந்தங்களை வரிவரியா பிரிச்சுப் படிச்சு 2002 ஏப்ரல் 13ல தீர்ப்பு சொன்னாங்க. அன்னிக்கு ரெண்டு நாடுமே ஜெயிச்சுட்டோம்னு அறிவிச்சுது! காரணம், தீர்ப்புல கோடு எந்தெந்த புள்ளி வழியா போகுதுன்னு இருந்துச்சே தவிர பாத்மே எந்தப் பக்கம்னு பேர் சொல்லி எழுதல. புள்ளிகளை மேப்ல வச்சுப் பாத்த பிறகுதான் பாத்மே எரித்திரியாவுக்குன்னு தெளிவாச்சு.

அது தெரிஞ்சதும், ஊரைக் கையில வச்சிருந்த எத்தியோப்பியா மாட்டேன்னுடுச்சு. மெலஸ் 2003ல ஐநா பொதுச்செயலாளர் கோஃபி அன்னானுக்கு கடிதம் எழுதி, தீர்ப்பு சட்டத்துக்கும் நியாயத்துக்கும் விரோதம்னு சொன்னார். 2004ல கொள்கை அளவுல ஏத்துக்கறோம் ஆனா முதல்ல பேசணும்னார், எரித்திரியா இனி பேச என்ன இருக்கு, முதல்ல இடத்தை விட்டு வெளிய போங்கன்னுச்சு. எல்லையில கல்லு நட ஆணையத்தால முடியல. கடைசியா 2006 நவம்பர்ல எல்லைப் புள்ளிகளோட அட்சரேகை தீர்க்கரேகையை பட்டியல் போட்டுக் கொடுத்து, ஒரு வருஷத்துக்குள்ள நீங்களே நட்டுக்கலன்னா இதையே எல்லை நட்டதா எடுத்துக்குவோம்னு சொல்லிட்டு, 2007ல கலைஞ்சு போயிட்டாங்க. ஒப்பந்தத்துக்கு சாட்சியா நின்ன அமெரிக்காவோ ஐரோப்பாவோ ஐநாவோ யாரும் எத்தியோப்பியாவை பெருசா நெருக்கல, ஏன்னா சோமாலியா பக்கம் தீவிரவாதத்தை எதிர்க்க அவங்களுக்கு எத்தியோப்பியா வேணும். என்னைக் கேட்டா போர்ல நடந்த தப்புக்கு அடுத்த பெரிய தப்பு இதுதான். சின்ன நாடு கோர்ட்டை நம்பி வந்து, ஜெயிச்சும் கையில ஒண்ணும் கிடைக்கல, அந்தக் கோவத்தை ஒரு அரசாங்கம் தன் சொந்த ஜனங்க மேலயே எப்படித் திருப்புச்சுங்கறதை கீழ சொல்றேன்.

அப்ப சண்டையை ஆரம்பிச்சது யாருன்னு தீர்ப்பு உண்டா? (பெயர் வேண்டாம்னு கேட்ட வாசகர், சேலம்)

உண்டு. நஷ்டஈடு ஆணையம் 2005 டிசம்பர்ல சொன்னது, 1998 மே 12ல டாங்கிகளோட போனதால எரித்திரியா சர்வதேச சட்டத்தை மீறிடுச்சுன்னு. இடம் அவங்களோடதுதான்னாலும் பிரச்சனையில இருக்கற இடத்தை படையை விட்டு எடுக்கக்கூடாது, இதுதான் ஆணையத்தோட நிலை. ஆக ஒரு ஆணையம் ஊரை எரித்திரியாவுக்குக் கொடுத்துச்சு, இன்னொரு ஆணையம் அதுக்காக படை எடுத்தது குத்தம்னுச்சு, ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு முரண் இல்ல, ஆனா ரெண்டு நாட்டு ரேடியோவும் தனக்குச் சாதகமான பாதியை மட்டும்தான் ஜனங்களுக்குச் சொல்லுச்சு.

அதே ஆணையம் 2009 ஆகஸ்ட்ல கணக்கை முடிச்சுது. எத்தியோப்பியாவுக்கு சுமார் 17 கோடியே 40 லட்சம் டாலர், எரித்திரியாவுக்கு சுமார் 16 கோடியே 35 லட்சம் டாலர். கழிச்சுப் பாத்தா வித்தியாசம் 1 கோடி சொச்சம். அந்தக் கணக்குல ஒரு விஷயம் என் மனசை விட்டுப் போகவே இல்ல. எரித்திரியாவுல செனாஃபே பக்கத்துல மாதராங்கற இடத்துல ஒரு பழங்காலக் கல் தூண் நிக்குது, நம்ம ஊர் நடுகல் மாதிரி முன்னோர் நினைவா ஒரு அரசன் எழுப்பினது, கீயெஸ்ங்கற பழங்கால மொழியில எழுத்து பொறிச்சது. 2000 மே கடைசியில எத்தியோப்பியா ராணுவம் அந்த ஊரைப் பிடிச்சிருந்தப்ப அதோட அடியில வெடி வச்சுட்டாங்க, கல்லு உடைஞ்சு விழுந்துச்சு. அதுக்கு எத்தியோப்பியாதான் பொறுப்புன்னு ஆணையம் சொல்லுச்சு. அந்தக் கல்லை எழுப்பினப்ப இந்த ரெண்டு நாடும் கிடையாது, அந்த முன்னோர் ரெண்டு பக்க ஜனங்களுக்கும் முன்னோர்தானே. எதிர்ப்பக்கத்துலயும் இதே கதைதான், சலாம்பெசாங்கற எத்தியோப்பிய எல்லை டவுன் எரித்திரியா ராணுவத்து கையில இருந்த ரெண்டு வருஷத்துல கிட்டத்தட்ட தரைமட்டம் ஆச்சு, அதுல பெரும்பகுதிக்கு எரித்திரியா பொறுப்பு.

இந்திய ராணுவம் அங்க போச்சுன்னு எங்க மாமா சொல்வார், உண்மையா? (கல்லூரி மாணவி, வேலூர்)

உண்மைதான். ஐநாவோட அமைதிப்படை 2000ல அமைஞ்சுது, 4,200 பேர் வரைக்கும் அனுமதி, இந்தியப் பட்டாலியனும் அதுல இருந்துச்சு, ஒரு கட்டத்துல இந்தியாவோட மேஜர் ஜெனரல் ராஜேந்தர் சிங் அந்தப் படைக்கே தளபதி. எல்லையை ஒட்டி எரித்திரியா பக்கம் 25 கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு பாதுகாப்பு வளையம், அதுக்குள்ள ராணுவம் வராம பாத்துக்கறதுதான் வேலை. தீர்ப்பை அமல்படுத்தாத ஐநா எதுக்குன்னு எரித்திரியா 2005ல ஹெலிகாப்டர் பறக்கத் தடை போட்டுச்சு, அப்புறம் எரிபொருளையும் நிறுத்துச்சு, 2008 ஜூலையோட படையையே கலைச்சுட்டாங்க.

சண்டை 2000லயே நின்னுடுச்சு. அப்புறமும் எரித்திரியா பசங்க ஏன் உயிரைப் பணயம் வச்சு கடல்ல ஓடிவர்றாங்க? (ஐடி ஊழியர், கோவை)

தம்பி, இதுக்கு பதில் அந்தக் கல்லு நடாத எல்லையிலதான் இருக்கு.

எரித்திரியா சட்டப்படி தேசிய சேவை 18 மாசம். 6 மாசம் ராணுவப் பயிற்சி, 12 மாசம் வேலை. போர் வந்ததும் யாரையும் விடுவிக்கல, நின்ன பிறகும் எதிரி நம்ம மண்ணுல இன்னும் உக்காந்திருக்கான் பாருன்னு சொல்லி விடுவிக்கல. 2003லேருந்து பள்ளிக்கூடத்துல 11ஆம் வகுப்பு முடிச்ச பசங்க பொண்ணுங்க எல்லாரும் கடைசி வருஷத்தை படிக்கறதுக்கு சாவாங்கற ராணுவ முகாமுக்குப் போகணும், சூடான் எல்லைப் பக்கம், கொதிக்கற வெயில். நம்ம வீட்டுப் பிள்ளைங்க ப்ளஸ் டூ ரிசல்ட்டுக்குக் காத்திருக்கற வயசுல அந்தப் பிள்ளைங்க பரீட்சையை முகாம்ல எழுதுறாங்க, மார்க் நல்லா வந்தா காலேஜ், வரலன்னா ராணுவம், அல்லது ரோடு போடற வேலை, பண்ணை வேலை, அதுவும் கைச்செலவுக்குக்கூட பத்தாத சம்பளத்துல, எப்ப விடுவாங்கன்னு யாருக்கும் தெரியாது. பத்து வருஷம் இருபது வருஷம் அப்படியே ஓடினவங்க உண்டு, கல்யாணம் ஆகி புள்ளை பொறந்தும் அப்பா எப்பவாவது லீவுல வந்துட்டுப் போற ஆளு.

கேள்வி கேட்டவங்க கதி? 1997ல எழுதி முடிச்ச அரசியல் சட்டம் அமலுக்கே வரல, தேர்தலும் இல்ல. 2001ல ஆளுங்கட்சியோட மூத்தவங்க 15 பேர் சேர்ந்து சட்டப்படி நடங்கன்னு அதிபருக்கு பகிரங்கக் கடிதம் எழுதினாங்க, விடுதலைப் போர்ல முன்னாடி நின்ன ஆளுங்க. செப்டம்பர்ல அவங்கள்ல 11 பேரைப் பிடிச்சு உள்ள வச்சாங்க, தனியார் பத்திரிகைகளை ஒரேயடியா மூடி பத்திரிகைக்காரங்களையும் பிடிச்சாங்க, கோர்ட்டுக்கே கொண்டுபோகல, குடும்பத்துக்கு இன்னி வரைக்கும் முகம் பாக்க வழி இல்ல. இதுக்கெல்லாம் சொன்ன காரணம் எல்லை ஆபத்து.

அதனாலதான் ஓடறாங்க. சூடான், சஹாரா, லிபியா, அப்புறம் கடல். 2013 அக்டோபர் 3ல இத்தாலியோட லாம்பெடூசா தீவுக்குப் பக்கத்துல மூழ்கின படகுல 360 பேருக்கு மேல செத்தாங்க, அதுல பெரும்பாலும் எரித்திரியா ஜனங்க. சண்டை நின்னு 13 வருஷம் கழிச்சு. என் கணக்குல அவங்களும் பாத்மே போர்ல செத்தவங்கதான்.

குடும்பம் குடும்பமா பிரிஞ்சு போயிட்டாங்கன்னு ஒரு வரி எழுதியிருந்தீங்க. விவரமா சொல்லுங்களேன். (இல்லத்தரசி, நாகர்கோவில்)

போர் நடந்த காலத்துல எத்தியோப்பியா தன் நாட்டுக்குள்ள இருந்த எரித்திரியா வம்சாவளிக்காரங்க சுமார் 75,000 பேரை வெளியேத்திடுச்சுக்கா. அடிஸ் அபாபாவுல பொறந்து வளந்தவங்க, கடை வச்சிருந்தவங்க, எத்தியோப்பியக்காரங்களை கட்டினவங்க. எரித்திரியாவுலேருந்தும் ஆயிரக்கணக்குல எத்தியோப்பியக்காரங்களை அனுப்பினாங்க. அதுக்கப்புறம் ரோடு இல்ல, விமானம் இல்ல, போன் லைன்கூட கிடையாது. அண்ணன் செத்தா தங்கச்சிக்கு வேற ஏதோ நாட்டுல இருக்கற சொந்தக்காரங்க மூலமாத்தான் சேதி போகும்.

2018 ஜூலையில எத்தியோப்பியாவோட புதுப் பிரதமர் அபி அகமது எரித்திரியா தலைநகர் அஸ்மாராவுக்குப் போய் இசயாஸைக் கட்டிப்பிடிச்சு போர் முடிஞ்சுதுன்னு கையெழுத்துப் போட்டதும் போன் லைனைத் திறந்தாங்க. சொந்தக்காரங்க நம்பர் இல்லாதவங்க, எதிர்ப்பக்கத்துல யாரையுமே தெரியாதவங்ககூட, கைக்கு வந்த நம்பரை அடிச்சு யார் எடுத்தாலும் நல்லா இருக்கீங்களான்னு கேட்டிருக்காங்க. இதைப் படிச்ச அன்னிக்கு எனக்கு வேலையே ஓடல. அந்த மாசம் 18ஆம் தேதி முதல் விமானம் போச்சு, செப்டம்பர் 11ல, அது எத்தியோப்பியாவுக்கு வருஷப் பிறப்பு, சலாம்பெசாவுல எல்லையைத் திறந்தாங்க, ஜனங்க ஓடிப்போய் அழுது கட்டிப்பிடிச்சுக்கிட்டாங்க.

ஆனா டிசம்பர் கடைசியில அந்தப் பாதையிலயே மறுபடி தடை, 2019 ஏப்ரலுக்குள்ள மத்த எல்லைப் பாதைகளையும் எரித்திரியா பக்கம் மூடிட்டாங்க. சுங்க விதி என்ன, எந்தப் பணத்துல வியாபாரம், யார் யார் வரலாம், 1997ல எதுல தகராறு ஆரம்பிச்சுதோ அந்த விஷயம் ஒண்ணைக்கூட அவங்க உக்காந்து பேசி எழுதி முடிக்கல.

அசாப் துறைமுகம் என்ன ஆச்சு? (ஏற்றுமதி நிறுவன ஊழியர், தூத்துக்குடி)

போருக்கு முன்னாடி எத்தியோப்பியாவோட சரக்கு பெரும்பாலும் எரித்திரியாவோட செங்கடல் துறைமுகமான இந்த அசாப் வழியாத்தான். 1998ல நின்னது நின்னதுதான், எல்லாம் பக்கத்து நாடான ஜிபூட்டிக்குப் போயிடுச்சு, 2016ல அடிஸ்லேருந்து ஜிபூட்டிக்கு 750 கிலோமீட்டர் மின்சார ரயிலே போட்டுட்டாங்க. அசாப்ல கிரேன் இருந்தும் கப்பல் இல்ல, கூலி வேலையை நம்பியிருந்த ஊர் காலியாச்சு. இடையில ஐக்கிய அரபு அமீரகம் ஏமன் போருக்காக அங்க ராணுவத் தளம் வச்சிருந்துச்சு.

நோபல் பரிசு வாங்கினவர் ஆட்சியிலேயே மறுபடி போர் எப்படி வந்துச்சு? இப்ப பாத்மே யார் கையில? (வங்கி ஊழியர், மதுரை)

அபிக்கு 2019ல நோபல் கொடுத்ததே இந்த சமாதானத்துக்காகத்தான். ஆனா அந்த சமாதானம் ரெண்டு தலைவர்களுக்கு நடுவுல மட்டும். எல்லையில நிஜமா வாழற, எத்தியோப்பியாவோட வடக்கு மாநிலமான திக்ரே ஜனங்களையோ, தீர்ப்புப்படி ஊரே ரெண்டா பிரியற இரோப் சமூகத்தையோ யாரும் கேக்கல. தீர்ப்பை ஏத்துக்கறோம்னு 2018 ஜூன்ல அபி அறிவிச்சதும் இரோப் ஜனங்க தெருவுல இறங்கிப் போராடினாங்க, ஆனாலும் யாரும் வந்து பேசல.

2020 நவம்பர்ல அபி அரசாங்கத்துக்கும் திக்ரே தலைவர்களுக்கும் போர் வெடிச்சப்ப, எரித்திரியா படை எத்தியோப்பிய ராணுவத்தோட சேர்ந்து திக்ரேக்குள்ள புகுந்துச்சு. அக்சும் நகரத்துல நூத்துக்கணக்கான பொதுஜனங்களை எரித்திரியா படையினர் கொன்னதா மனித உரிமை அமைப்புகள் பதிவு பண்ணியிருக்கு. 2022 நவம்பர்ல தென்னாப்பிரிக்காவோட பிரிட்டோரியாவுல அபி அரசாங்கமும் திக்ரே தலைவர்களும் ஒப்பந்தம் போட்டாங்க, அதுல எரித்திரியா ஒரு தரப்பாவே இல்ல. பாத்மே 2020 கடைசியிலேருந்து எரித்திரியா ராணுவத்துக்கிட்ட இருக்கு. 2023 அக்டோபர்லேருந்து அபி செங்கடல்ல துறைமுகம் எங்களுக்கு வாழ்வா சாவா பிரச்சனைன்னு பேச ஆரம்பிச்சார், 2024 செப்டம்பர்ல அஸ்மாரா விமானமும் நின்னுபோச்சு, ரெண்டு பேரும் மறுபடி எல்லைக்கு ஆள் சேக்கறாங்கன்னு செய்தி வந்துகிட்டே இருக்கு. போர் வருமான்னு உறுதியா சொல்ல முடியாது சார், ஆனா இந்தத் தடவை பேச்சு பாத்மேயைப் பத்தி இல்ல, அசாப்பைப் பத்தி.