ஓட்டத்துக்குக் கட்டிய பணமும் தர்மத்துக்குக் கொடுத்த பணமும்

மழை ஓய்ந்து பனி விழத் தொடங்கினால் போதும். தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சிலும் பாண்டி பீச் ரோட்டிலும் விடியற்காலையில் ஒரே நிற டி-ஷர்ட் போட்ட கூட்டங்கள் ஓட ஆரம்பித்துவிடும். முதுகில் ஏதாவது ஓர் அறக்கட்டளையின் பெயர் இருக்கும். அந்தக் கூட்டத்தின் கடைசி வரிசையில் மூச்சு வாங்கிக்கொண்டு போனவள்தான் நானும். அதனால் இந்த வாரம் வந்த நான்கு கடிதங்களையும் கொஞ்சம் பாசத்தோடே படித்தேன்.

கேள்வி: மஞ்சக்குப்பத்தில் இருக்கிறேன், வயது 34. சென்னையில் அலுவலகம் உள்ள ஓர் அறக்கட்டளையின் மாரத்தான் பயிற்சிக் குழுவில் சேர்ந்தேன். 5 மாதப் பயிற்சிக்குக் கட்டணம் 4,500 ரூபாய். புற்றுநோய் வந்த குழந்தைகளின் சிகிச்சைக்கு 30,000 ரூபாய் திரட்டித் தருவதாகப் படிவத்தில் கையெழுத்தும் போட்டேன். திரட்டினால் வெளியூர் மாரத்தான் ஒன்றில் ஓட அவர்களே இடம் வாங்கித் தருவார்கள் என்று பேச்சு. 11,200 ரூபாய் திரட்டிக் கொடுத்துவிட்டேன். மூன்றாம் மாதத்தோடு கோச் வருவது நின்றுவிட்டது. வாட்ஸ்அப்பில் அட்டவணை மட்டும் வருகிறது. எனக்கு முழங்கால் வலி வேறு. விலகுகிறேன் என்றால், மீதி 18,800 ரூபாயைக் கைப்பணமாகக் கட்டச் சொல்கிறார்கள். கட்ட வேண்டுமா? கட்டணத்தைத் திருப்பிக் கேட்கலாமா?

பதில்: உங்கள் கடிதத்தில் மூன்று வகைப் பணம் ஒரே சுருக்குப்பையில் கிடக்கிறது. முதலில் அதைப் பிரித்துக்கொள்வோம். 4,500 கட்டணம். 11,200 மற்றவர்கள் கொடுத்த தர்மம். 18,800 நீங்கள் கொடுத்த வாக்கு. மூன்றுக்கும் நியாயம் வேறு வேறு.

கட்டணத்திலிருந்து தொடங்குகிறேன். அறக்கட்டளை என்றால் நுகர்வோர் சட்டம் தொடாது என்று பலரும் நினைக்கிறார்கள். பெயர்ப் பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்பதை வைத்து இது முடிவாகாது. காசு வாங்கிக்கொண்டு சேவை தர ஒப்புக்கொண்டார்களா என்றுதான் பார்ப்பார்கள். இலவசமாகச் சொல்லிக்கொடுத்திருந்தால் நீங்கள் நுகர்வோர் இல்லை. 4,500 வாங்கியதால் நுகர்வோர்தான். 5 மாதத்தில் 2 மாதம் கோச் இல்லை என்றால், ஐந்தில் இரண்டு பங்கு, அதாவது 1,800 ரூபாய் கேட்பது நியாயமான கணக்கு. முழுத்தொகையும் கேட்காதீர்கள், மூன்று மாதம் ஓடியிருக்கிறீர்களே. கோச் வராத ஞாயிற்றுக்கிழமைகளைத் தேதியோடு எழுதி மின்னஞ்சல் அனுப்புங்கள். "கோச் இன்றைக்கும் வரவில்லையா?" என்று குழுவில் யாராவது கேட்ட செய்திகள் இருக்குமே, குழுவை விட்டு விலகும் முன் அவற்றைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். விலகிய பிறகு அதைத் தேடி அலைந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். அலுவலகம் சென்னையில் இருக்கிறதே என்று தயங்க வேண்டாம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி, புகார் கொடுப்பவர் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், உங்களுக்குக் கடலூர்தான். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தாக வேண்டும் என்பதும் இல்லை. பிரச்சினை தொடங்கியதிலிருந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும்.

அந்த 11,200 உங்கள் பணம் இல்லை. திரும்பக் கேட்கவும் முடியாது, வேறு எந்தப் பாக்கியிலும் கழித்துக்கொள்ளவும் முடியாது. கொடுத்த ஒவ்வொருவருக்கும் ரசீது போனதா என்று மட்டும் கேளுங்கள். அதைக் கேட்கிற கடமை உங்களுக்கு உண்டு. அவர்கள் உங்கள் முகத்தைப் பார்த்துக் கொடுத்தவர்கள்.

18,800தான் சிக்கலானது. இந்த ஏற்பாடு எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் பதிலும் புரியும். 1988இல் அமெரிக்காவில் ஒரு தந்தை, ரத்தப் புற்றுநோய் வந்த தன் மகளுக்காக 38 பேரைத் திரட்டி நியூயார்க் மாரத்தானில் ஓடினார். மூன்று லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. பயிற்சி நாங்கள் தருகிறோம், நன்கொடை நீங்கள் திரட்டுங்கள் என்ற இந்த முறை அந்த ஓட்டத்திலிருந்து பெரிதாக வளர்ந்தது. பெரிய மாரத்தான்களில் இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. அறக்கட்டளைகள் இடங்களை மொத்தமாக வாங்கி, குறைந்தபட்சம் இவ்வளவு திரட்டுபவருக்கு என்று கொடுக்கும். நம் நாட்டில் மும்பை மாரத்தானிலும் இப்படி நன்கொடை இடங்கள் உண்டு. ஆக, உங்கள் பெயரில் இடம் வாங்கிய பிறகு நீங்கள் விலகினால் அவர்களுக்கு உண்மையிலேயே நஷ்டம் வரும்.

சும்மா கொடுத்த வாக்கை நீதிமன்றம் வசூலித்துத் தராது. ஆனால் அந்த வாக்கை நம்பி மற்றவர் செலவில் இறங்கிவிட்டால் கதை மாறும். 1886இல் ஹவுராவில் நகர மண்டபம் கட்ட 100 ரூபாய் தருவதாக எழுதிக்கொடுத்து, பிறகு கையை விரித்தவர் மீது வழக்கு வந்தது. அவர் போன்றவர்களின் வாக்கை நம்பி ஒப்பந்தக்காரரை அமர்த்திவிட்டார்கள் என்பதால், கொடுத்தே ஆக வேண்டும் என்றது கல்கத்தா உயர் நீதிமன்றம். 1914இல் ஒரு மசூதிப் பழுதுவேலைக்கு 500 ரூபாய் வாக்கு. அங்கே வேலையே தொடங்கவில்லை என்பதால் கொடுக்க வேண்டாம் என்று தீர்ப்பானது. உங்கள் வழக்கு இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்கிறது என்பதை ஒரே கேள்வியில் தெரிந்துகொள்ளலாம்: "என் பெயரில் இடம் வாங்கிவிட்டீர்களா? என்ன தேதி, எவ்வளவு? பில்லைக் காட்டுங்கள்." வாங்கவில்லை என்றால் 18,800 கேட்பதற்கு அடிப்படை மிகவும் பலவீனம். வாங்கியிருந்தால் அந்த நுழைவுக் கட்டணத்தையாவது கொடுத்துவிட்டு வருவதுதான் மரியாதை என்பது என் கருத்து.

படிவத்தை இன்னொரு முறை படியுங்கள். ஒழுங்காக நடக்கும் குழுக்களில் ஒரு கடைசித் தேதி போட்டிருப்பார்கள். அதற்குள் விலகினால் பாக்கி கிடையாது, தாண்டினால் உண்டு என்று. உங்கள் படிவத்தில் அப்படி எதுவுமே இல்லை என்றால், அதுவும் உங்களுக்குச் சாதகம்தான். அப்புறம், முழங்காலை எலும்பு மருத்துவரிடம் காட்டி ஒரு சீட்டு வாங்குங்கள். வழக்குக்காக இல்லாவிட்டாலும் முழங்காலுக்காக.

கேள்வி: லாஸ்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். எங்கள் குழுவில் "6,000 ரூபாய் கட்டினால் முழுவதற்கும் 80ஜி வரிச்சலுகை" என்கிறார்கள். அலுவலகத்தில் 20 பேரிடம் ஆளுக்கு 500 வாங்கி என் ஜிபேயில் சேர்த்து, 10,000மாக அனுப்பலாம் என்றும் இருக்கிறேன். சரிதானே?

பதில்: இரண்டும் சரியில்லை.

6,000க்குப் பதிலாக உங்களுக்குப் பயிற்சி, டி-ஷர்ட், போட்டியில் இடம் எல்லாம் கிடைக்கிறது. கைம்மாறு கிடைக்கும் பணம் நன்கொடை ஆகாது. பயிற்சிக் கட்டணத்துக்கு ஒரு பில், நன்கொடைக்கு ஒரு ரசீது என்று தனித்தனியாகத் தருகிறார்களா என்று பாருங்கள். ஒரே சீட்டில் எல்லாவற்றையும் போட்டு "நன்கொடை" என்று எழுதும் குழுவிடம் நான் கொஞ்சம் தள்ளியே நிற்பேன்.

நீங்கள் மொத்தமாக அனுப்பினால் சான்றிதழ் உங்கள் பெயரில் வரும். கொடுத்த 20 பேருக்கு ஒன்றும் இல்லை. ஊரார் பணத்துக்கு நீங்கள் வரிக் கழிவு கேட்பதும் தப்பு. ஒவ்வொருவரும் அறக்கட்டளையின் வங்கிக் கணக்குக்கு நேராக அனுப்பி, பான் எண்ணையும் கொடுக்கட்டும். கோச்சின் சொந்த எண்ணுக்கு யாரும் அனுப்ப வேண்டாம், எவ்வளவு நல்ல மனிதராக இருந்தாலும். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் கழிவே கிடையாது. அறக்கட்டளைக்கு அனுமதி இருக்கிறதா என்பதை வருமான வரித்துறைத் தளத்திலேயே பெயர் போட்டுத் தேடலாம்.

சலுகையைப் பெரிதாக நினைத்துக்கொண்டும் கொடுக்காதீர்கள். புதிய வரி முறையில் இருப்பவருக்கு இந்தக் கழிவு இல்லவே இல்லை, இப்போது பெரும்பாலான சம்பளக்காரர்கள் அதில்தான் இருக்கிறார்கள். பழைய முறையிலும் பெரும்பாலான அறக்கட்டளைகளுக்குப் பாதித் தொகைதான் கழியும். 10,000 கொடுத்தால் 5,000 கழியும். 20 சதவீத வரி கட்டுபவருக்கு மிச்சம் சுமார் 1,000 ரூபாய். குழந்தைகளுக்காகக் கொடுங்கள், வரிக்காக வேண்டாம்.

கேள்வி: அரியாங்குப்பம். டிசம்பர் அரை மாரத்தானுக்கு ஜூலையிலேயே 1,200 ரூபாய் கட்டிவிட்டேன். கனமழை எச்சரிக்கை வந்து முதல் நாள் மாலை ரத்து செய்துவிட்டார்கள். பணம் திரும்பாது, டி-ஷர்ட்டும் பதக்கமும் கூரியரில் வரும் என்கிறார்கள். ஓடாத ஓட்டத்துக்குப் பதக்கமா?

பதில்: அந்தப் பதக்கத்தை என்ன செய்வது என்று எனக்கும் தெரியவில்லை. சாவிக்கொத்து மாட்டலாம்.

ரத்து செய்தது தப்பில்லை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரை ஏறியதையும், 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் வந்து பாண்டியையே மூழ்கடித்ததையும் பார்த்தவர்கள் நாம். ஆயிரம் பேரைச் சாலையில் ஓட விடாதவரைக் குறை சொல்ல மாட்டேன். இயற்கைச் சீற்றத்தால் ரத்தானால் பணம் திரும்பாது என்று நீங்கள் டிக் போட்ட நிபந்தனையில் இருந்தால், முழுத்தொகையைக் கேட்டு வெல்வது கஷ்டம். பந்தலும் பதக்கமும் மழைக்கு முன்பே செலவாகியிருக்கும். ஆனால் தண்ணீர், பழம், சிற்றுண்டி, ஆம்புலன்ஸ் போன்ற அன்றைய செலவில் மிச்சமானது இருக்குமே. அதனால் அடுத்த வருட இடத்தைக் கட்டணமின்றியோ பாதிக் கட்டணத்திலோ கேளுங்கள். நாலு பேர் சேர்ந்து கேட்டால் பெரும்பாலும் இறங்கி வருவார்கள். ரத்து செய்யாமல் தள்ளிவைத்து, அந்தத் தேதி உங்களுக்கு ஒத்துவரவில்லை என்றால் உங்கள் வாதத்துக்கு இன்னும் பலம் உண்டு. அவர்கள் விற்ற தேதி வேறு.

தள்ளிவைத்தால் நண்பருக்கு பிப்பை, அதாவது மார்பில் குத்தும் எண் அட்டையை, கைமாற்றி விட்டுவிடலாம் என்ற யோசனை வேண்டாம். வழியில் அவர் மயங்கி விழுந்தால் உங்கள் பெயரும் உங்கள் ரத்த வகையும்தான் மருத்துவரிடம் போகும்.

ஒன்று சொல்லட்டுமா? இந்தக் கரையில் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை நடக்கும் எதற்கும், ரத்தானால் என்ன என்று எழுதியிருக்கும் பக்கத்தைப் படிக்காமல், முன்பதிவுத் தள்ளுபடிக்காக ஜூலையில் பணம் கட்டாதீர்கள். 200 ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் 1,200 போகும். ஜனவரி, பிப்ரவரியில் ஓடுங்கள். காற்றும் குளிர்ச்சியாக இருக்கும்.

கேள்வி: திருப்பாதிரிப்புலியூர், கல்லூரி மாணவன். குழு கோச் ஒரு குறிப்பிட்ட கடையில் 11,000 ரூபாய் ஷூ வாங்கச் சொல்கிறார், 10 சதவீதம் தள்ளுபடியாம். அவரே விற்கும் எலக்ட்ரோலைட் பொடியும் வாங்க வேண்டுமாம். பாண்டியில் வாங்கினால் ஷூ மலிவா?

பதில்: தம்பி, பாண்டி மலிவு என்பது பாட்டிலுக்குத்தான். ஷூவுக்கு ஜிஎஸ்டி பாலத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒன்றே: 2,500 ரூபாய் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 18.

முதல் அரை மாரத்தானுக்கு 11,000 தேவையில்லை. அதே வகையில் போன வருட மாடல் பல கடைகளில் பெரிய தள்ளுபடியில் கிடைக்கும், அதில் ஓடலாம். சாயங்காலம் கடைக்குப் போங்கள், நாள் முழுக்க நடந்து கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். ஓடும்போது போடும் சாக்ஸோடு போட்டுப் பாருங்கள். பெருவிரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். நான் அழகுக்காக அரை அளவு சின்னதாக வாங்கி, இரண்டு கால்விரல் நகங்களைக் கறுக்க விட்டவள். ஒரு ஷூ 500லிருந்து 800 கிலோமீட்டர் வரை உழைக்கும் என்பது பொதுவான கணக்கு. வாரம் 30 கிலோமீட்டர் ஓடினால் சுமார் நாலு முதல் ஆறு மாதம் வரும். அதற்கு வெகு முன்பே அடி பிளந்தால் பில்லோடு போங்கள். "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று பில்லில் அச்சடித்திருந்தாலும், பழுதான பொருளுக்கு அது செல்லாது. பில் தராமல் விற்பதே சட்டப்படி முறையற்ற வணிகம். ஆன்லைனில் வாங்கினால், குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதாகச் சொல்லி, ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும்.

பொடி விஷயத்தில் கட்டாயப்படுத்த அவருக்கு உரிமை இல்லை. மருந்துக்கடையில் உலக சுகாதார நிறுவனத்தின் கலவைப்படி என்று போட்ட ஓஆர்எஸ் பாக்கெட் சில பத்து ரூபாய்க்குள் கிடைக்கும். ஒரு லிட்டருக்கு 2.6 கிராம் உப்பு, 13.5 கிராம் குளுக்கோஸ் என்று கணக்கு. அந்தக் கலவை இல்லாத இனிப்பு பானங்கள் ஓஆர்எஸ் என்ற பெயரைப் போடக் கூடாது என்று 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையமே தடை போட்டது. நம் ஊர்ப் புழுக்கத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடினால் உப்புள்ள தண்ணீர் வேண்டும்தான், அதற்காக வெறும் தண்ணீரைக் குடம் குடமாகக் குடிக்கவும் கூடாது, ரத்தத்தில் உப்பின் அளவு குறைந்துவிடும். வீட்டில் நீர்மோர் இருந்தால் ஓடி முடித்ததும் இரண்டு டம்ளர் குடியுங்கள். கோச் முறைத்தால் அவருக்கும் ஒன்று கொடுங்கள்.