கொல்லைப்புறத்தை மொத்தமாக மாற்றி அமைக்கலாமா?

கேள்வி: கூடுவாஞ்சேரி பக்கம் பழைய மாடி வீடு ஒன்றை வாங்கிக் குடிவந்திருக்கிறோம். வீட்டுக்குப் பின்னால், வடக்குப் பக்கம், 30 அடி நீளமும் 20 அடி அகலமும் உள்ள இடம் இருக்கிறது. கம்பளிப்பூச்சி மொய்க்கும் முருங்கை ஒன்று, அதன் கீழே காய்க்காத எலுமிச்சை ஒன்று. மற்றபடி கெட்டித் தரை. தோண்டினால் செங்கல் துண்டுதான் வருகிறது. ‘கார்டன் செட்டப்’ செய்பவர் ஒருவர் வந்து பார்த்தார். இருப்பதையெல்லாம் எடுத்துவிட்டு, இரண்டு லோடு செம்மண் அடித்து, நடுவில் கொரியன் புல் போட்டு, ஓரத்தில் காய்த்த நிலையிலேயே இரண்டு ஒட்டு மாமரம் வைத்துத்தர 1,40,000 ரூபாய் கேட்கிறார். இந்த மாதத்துக்குள் முடிவு சொன்னால் பத்தாயிரம் குறைப்பாராம். எங்களுக்குத் தோட்ட அனுபவம் கிடையாது. வீட்டுக்குக் காய்கறி கிடைக்க வேண்டும் என்பதுதான் ஆசை. வேலையைக் கொடுத்துவிடலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம். பத்தாயிரம் குறைகிறதே என்று அவசரப்படவும் வேண்டாம். அவர் உங்கள் இடத்தை வைகாசி மாதத்தில், வெயில் நேரத்தில் வந்து பார்த்திருக்கிறார். ஒரு மழைக்காலமும் ஒரு மார்கழியும் பார்க்காமல் அந்த இடத்தில் எது எங்கே வரும் என்று யாராலும் சொல்ல முடியாது.

காய்கறிக்கு ஒரு நாளைக்கு ஆறு மணி நேர வெயில் வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். உங்கள் கொல்லை இப்போது அதற்கு மேலேயே வெயில் வாங்கும். இதை நம்பித்தான் பலர் ஏமாறுகிறார்கள். வடக்குப் பக்கத் தோட்டத்தின் கதையே வேறு, அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நம் பகுதியில் சித்திரை பத்து வாக்கிலிருந்து ஆடி முடியும் வரை உச்சி வெயில் வடக்கிலிருந்து சாய்வாக விழும். வீட்டுக்கு வடக்கே இருக்கும் இடம் முழுக்கக் காயும். ஆவணியிலிருந்து சூரியன் தெற்கே போகப் போக, வீட்டு நிழல் கொல்லைக்குள் நீளும். மாடியும் கைப்பிடிச் சுவருமாகச் சேர்த்து உங்கள் வீடு 22 அடி உயரம் என்று வைத்துக்கொள்வோம். ஐப்பசி பிறக்கும்போது உச்சி நேர நிழலே ஏறக்குறைய 9 அடிக்கு வந்துவிடும். மார்கழியில் 16 அடி. மாசி பிறக்கும்போதும் பத்தடிக்குக் குறையாது. உங்களுக்கு இருப்பதே 20 அடி அகலம்தான்! ஆக, மார்கழியில் மதிலை ஒட்டிய நாலடிக்கு மட்டும்தான் உச்சி வெயில். காலையிலும் மாலையிலும் ஓரங்களில் கொஞ்சம் சாய்வாக விழலாம், அவ்வளவுதான். தைப்பட்டத்தில் கத்திரி வைத்தால் இலை செழிக்கும், காய் பிடிக்காது. பிறகு உரம் போதவில்லை என்று ஒருவர் சொல்வார், நீங்களும் மூட்டை வாங்குவீர்கள்.

இதே கணக்கு புல்தரைக்கும் பொருந்தும். கொரியன் புல்லுக்கு நல்ல வெயில் வேண்டும். நடுக்கொல்லையில் போட்டால் ஐப்பசி, கார்த்திகை மழையில் நிழலும் ஈரமும் சேர்ந்து பாசி பிடித்துப் போகும். கோடையில் இன்னொரு தொல்லை. சதுர மீட்டருக்கு ஒரு நாளைக்கு ஐந்து லிட்டர் தண்ணீர் இல்லாமல் புல் பச்சையாக நிற்காது. கொல்லையில் பாதிக்குப் போட்டாலே தினம் 140 லிட்டர். புல் பாயோடு கோரைக் கிழங்கும் சேர்ந்து வந்துவிட்டால் அப்புறம் ஆயுளுக்கும் களை எடுக்க வேண்டியதுதான். மேலே பறித்தால் அடியில் இருக்கும் கிழங்கு மறுபடியும் முளைக்கும்.

செம்மண் லோடு விஷயத்தில் நான் பார்க்கும் மோசடி கொஞ்சநஞ்சமில்லை. நிறத்தைக் காட்டி விற்கிறார்கள். பல நேரம் அது பத்து, பதினைந்து அடி ஆழத்தில் வெட்டி எடுத்த அடிமண். அதில் மட்கு கிடையாது, மண்புழு கிடையாது. ஒரு மழைக்கு இறுகிப் பாறையாகிவிடும். வாங்கியே ஆக வேண்டிய நிலை வந்தாலும் லாரி கொட்டும் முன் ஒரு கை அள்ளி, நனைத்து, உருட்டி வெயிலில் வையுங்கள். மறுநாள் அது உடைக்க முடியாத கோலிக்குண்டாக இருந்தால் லாரியைத் திருப்பி அனுப்புங்கள். கீழே இருக்கும் கட்டட இடிபாட்டை அகற்றாமல் அதன் மேலேயே மண் அடிப்பது இன்னும் மோசம். மூடிவிட்டால் அடியில் என்ன இருக்கிறதென்று நீங்கள் பார்க்கப்போவதில்லை என்பது அவர்களுக்குத் தெரியும்.

முதல் வேலையாக, கடப்பாரையால் நாலைந்து இடத்தில் ஒன்றரை அடி ஆழம் தோண்டுங்கள். எடுத்த மண்ணில் ஒரு கரண்டியைத் தட்டில் போட்டு, கடையில் கிடைக்கும் வினிகரை ஊற்றுங்கள். நுரைத்துப் பொங்கினால் சிமென்ட், சுண்ணாம்புக் காரை கலந்திருக்கிறது என்று பொருள். பிறகு குழியில் தண்ணீர் நிரப்பி வடிய விட்டு, மறுபடியும் நிரப்புங்கள். மறுநாள் காலையிலும் தண்ணீர் நின்றால் அங்கே தரைமட்டத்தில் எதையும் நடக் கூடாது. செங்கல்பட்டு, சென்னைப் பகுதியில் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டுகிறது. அதில் வேர் அழுகாமல் தப்பிப்பதுதான் நம் தோட்டங்களுக்குப் பெரிய பரீட்சை.

மண் பரிசோதனைக்குக் கொடுக்கலாமே என்று தோன்றும். ஆய்வகங்கள் இருக்கின்றன, ஆனால் எல்லாம் வயலுக்காக அமைந்தவை. சர்வே நம்பர் என்ன, எத்தனை ஏக்கர், என்ன பயிர் என்றுதான் படிவம் கேட்கும். ஏக்கருக்கு இத்தனை கிலோ என்று எழுதித்தரும் அட்டையை வைத்து 600 சதுர அடிக்காரர் என்ன செய்வார்? மாடித்தோட்டத்துக்கு மானியத்தில் பையும் விதையும் தருகிறார்கள். தரையில் தோட்டம் போடுபவர் வீட்டுக்கு வந்து பார்த்துச் சொல்ல ஓர் ஆள் கிடையாது. எத்தனையோ வருடமாக இதே நிலைமைதான். அந்த இடைவெளியில்தான் ‘செட்டப்’ ஆட்கள் நுழைகிறார்கள். உங்களுக்கு ஒரு வசதி, காட்டுப்பாக்கத்தில் வேளாண் அறிவியல் நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது. கொஞ்சம் மண்ணையும் எலுமிச்சையின் இளம் கிளை ஒன்றையும் எடுத்துக்கொண்டு நேரில் போய்க் கேளுங்கள்.

சரி, இந்த வருடம் என்னதான் செய்வது? ஒரு கூலியாளை வைத்து இடிபாட்டைப் பொறுக்கி, சலித்து வெளியேற்றுங்கள். செலவு செய்ய வேண்டிய இடம் இதுதான். அப்புறம் மண்ணைக் கிளறிவிட்டு, பசுந்தாள் உரச் செடியான தக்கைப்பூண்டின் விதையைக் கால் கிலோ தூவித் தண்ணீர் விடுங்கள். சுண்ணாம்பு ஏறிய கெட்டி மண்ணிலும் அது வரும். 45 நாளில், பூக்கும் தறுவாயில் பிடுங்கி, நறுக்கி, மண்ணிலேயே புரட்டிவிடுங்கள். அது மட்குவதற்குள் தட்டில் விதைத்த கத்திரி, மிளகாய் நாற்று தயாராகியிருக்கும். மதிலை ஒட்டிய பத்தடியில் மட்டும் ஓரடி உயரத்துக்கு மேட்டுப்பாத்தி போடுங்கள். உள்ளே கால் வைக்காமல் இரண்டு பக்கமும் கை எட்ட வேண்டும், அதனால் பாத்தி நாலடி அகலத்துக்கு மேல் போக வேண்டாம். மட்கிய தொழு உரம் கலந்து கத்திரி, மிளகாய் நாற்றை நட்டு, வெண்டையும் கொத்தவரையும் நேரடியாக விதையுங்கள். ஆவணி தொடக்கத்துக்குள் முடித்துவிட்டால் நிழல் எட்டுவதற்குள் பெரும்பகுதி காய் பறித்துவிடலாம். வீட்டை ஒட்டிய பத்தடியில் மஞ்சள், இஞ்சி, சேம்பு, புதினா, கற்பூரவல்லி ஆகியவை அரை நிழலிலும் வரும். அந்தப் பக்கம் மழைநீர் சேமிப்புத் தொட்டி இருந்தால் அதன் மேல் மண்ணோ கல்லோ போட்டு மூடாதீர்கள்.

முருங்கையை வெட்டி எறிய வேண்டாம். காய் முடிந்ததும் இடுப்பளவு உயரத்தில் வெட்டிவிட்டால் புதிதாகத் துளிர்த்து, கைக்கு எட்டும் உயரத்தில் காய்க்கும். புயல் காற்றுக்கும் முறியாது. மழைக்காலத்தில் கம்பளிப்பூச்சி பகலில் அடிமரத்தில் கூட்டமாக ஒட்டியிருக்கும். மரம் குட்டையாக இருந்தால் சோப்புக் கரைசலை அடித்தே ஒழிக்கலாம். முருங்கையைக் குட்டையாக்கினால் எலுமிச்சைக்கும் வெயில் கிடைக்கும். காய்க்காததற்கு நிழலே முதல் காரணமாக இருக்கலாம். அதன் இளம் இலை மஞ்சளாகவும் நரம்பு மட்டும் பச்சையாகவும் இருந்தால் சுண்ணாம்பு மண்ணில் இரும்புச் சத்து எடுக்க முடியாமல் தவிக்கிறது என்று அர்த்தம். நேராக விருட்டென்று மேலே ஏறும் போத்துகளை வெட்டிவிட்டு, தொழு உரத்தைத் தண்டை ஒட்டிப் போடாமல் கிளைகளின் நுனிக்கு நேர் கீழே வட்டமாகப் போடுங்கள்.

மாமரம் இந்தக் கொல்லைக்கு வேண்டாம். இடமும் இல்லை, குளிர்கால வெயிலும் இல்லை. மா பூப்பதே அந்த மாதங்களில்தான். பையில் காய்த்து நிற்கும் பெரிய மரத்தின் வேர் உள்ளேயே சுருண்டு போயிருக்கும். நட்ட பிறகு மூன்று வருடம் முழித்துக்கொண்டு நிற்கும். வீட்டு முன்புறம் தெற்கு வெயிலில் ஒன்று வைக்க ஆசைப்பட்டால், ஒரு வருடக் கன்றாக, அரசு தோட்டக்கலைப் பண்ணையில் பில்லோடு வாங்குங்கள். தண்டில் ஒரு சாண் உயரத்தில் ஒட்டுத் தழும்பு தெரிய வேண்டும். மேலும் கீழும் பட்டையின் நிறம் கொஞ்சமாவது மாறியிருக்கும். தழும்பே இல்லாமல் பிளாஸ்டிக் நாடாவை மட்டும் சுற்றிவைத்து விற்பவர்கள் இருக்கிறார்கள். காசு கொடுக்கும் முன் நாடாவைப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் வாங்காமல் திரும்பி வந்துவிடுங்கள்.