தென்னாப்பிரிக்காவில் சட்டம் படிப்பவர் சுற்றுச்சூழல் வழக்குகளில் கோடைகால இன்டர்ன்ஷிப் செய்ய எங்கே, எப்போது விண்ணப்பிக்கலாம்?

முதலில் அந்தக் 'கோடை'யை மறந்துவிடுங்கள். டர்பனில் கோடை என்றால் டிசம்பர். மூன்றாம் ஆண்டுத் தேர்வு முடிந்த கையோடு நானும் டிசம்பருக்குத்தான் விண்ணப்பித்தேன். ஓர் அலுவலகத்தில் இடமும் கிடைத்தது. எட்டு நாள் போனேன், பழைய கோப்புகளை அட்டைப்பெட்டிகளில் அடுக்கினேன். 15-ஆம் தேதி கதவைப் பூட்டியவர்கள் ஜனவரியில்தான் திறந்தார்கள். யாரைக் குறை சொல்ல? அப்போது நீதிமன்றத்துக்கும் விடுமுறை. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு விதிகளே (2014) டிசம்பர் 15 முதல் ஜனவரி 5 வரையுள்ள நாட்களைக் கெடுவில் சேர்ப்பதில்லை.

ஜூன், ஜூலை குளிர்கால விடுமுறையைக் குறிவையுங்கள். இங்கே இதற்குப் பெயர் 'வேக் வொர்க்' (vac work), அதாவது விடுமுறைக்கால வேலை. இன்டர்ன்ஷிப் என்று மட்டும் தேடினால் பாதி இடங்கள் கண்ணில் படாது. மார்ச்சிலேயே கடிதம் போய்விட வேண்டும்.

குளிர்காலத்தைச் சொல்ல இன்னொரு காரணமும் உண்டு. நான் வளர்ந்தது தெற்கு டர்பனில், மெர்பேங்கில். அப்போது ஓடிக்கொண்டிருந்த கச்சா எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளுக்கும் குடியிருப்புக்கும் நடுவில் ஒரு சாலைதான் என்று சொல்லலாம். ஜூன் மாத விடியலில் தரையோடு குளிர்ந்த காற்று தங்கிவிடும். அதன்மேல் சூடான காற்று பானைக்கு மூடி போட்டதுபோல் உட்கார்ந்துகொள்ளும். புகை மேலே போக வழியில்லை. புகார்கள் குவிவதும் அப்போதுதான். வேலை கற்க அதைவிட நல்ல மாதம் கிடையாது.

வேலை என்றதும் கறுப்பு அங்கியும் வாதமும் மனதில் வரும். அதெல்லாம் இல்லை. அடுத்து ஒரு ஜூனில் சேர்ந்தபோது எனக்கு முதல் வாரம் கொடுத்தது தகவல் கோரும் விண்ணப்பங்கள், அதாவது 2000-ஆம் ஆண்டின் 'பயா' (PAIA) எனும் தகவல் பெறும் சட்டப்படி. இந்தியாவின் ஆர்.டி.ஐ. போலவே 30 நாள் கெடு, ஆனால் இன்னொரு 30 நாள் நீட்டித்துக்கொள்ளலாம். பெரிய வித்தியாசம், உங்கள் உரிமையைக் காக்கத் தேவை என்று காட்டினால் தனியார் கம்பெனியிடமும் ஆவணம் கேட்கலாம். ஆர்சலர்மிட்டல் உருக்குக் கம்பெனியின் சுற்றுச்சூழல் திட்ட ஆவணத்தை வால் (Vaal) ஆற்றுப் பகுதி மக்கள் அமைப்பு கேட்டபோது கம்பெனி மறுத்தது. 2014-இல் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் கொடுக்கச் சொன்னது. விண்ணப்பிக்கும் முன் அந்தத் தீர்ப்பைப் படித்துவிடுங்கள். சுற்றுச்சூழல் உரிமையைச் சொல்லும் அரசியல் சாசனத்தின் 24-ஆம் பிரிவை மனப்பாடம் செய்து ஒப்பிப்பதைவிட அது உதவும்.

இரண்டாம் வாரம் சாட்சியம் வாங்க அனுப்பினார்கள். எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி ஓர் ஆயா. என்ன வாசனை என்று கேட்டேன். "சில நாள் அழுகுன முட்டை, சில நாள் பெருங்காயத்தக் கருக்குன மாதிரி" என்றார். எந்தெந்த நாள் என்று கேட்டதும் எனக்கே நம்பிக்கை இல்லை. "இரு கண்ணு" என்று உள்ளே போனவர், சுவரில் மாட்டியிருந்த முருகன் காலண்டரைக் கழற்றிக்கொண்டு வந்தார். வாசனை வந்த நாளில் பென்சிலால் ஒரு புள்ளி. பேரனுக்கு இரவில் ஆஸ்துமா பம்ப் அடிக்க வேண்டிவந்த நாளில் இரண்டு புள்ளி. பதினான்கு மாதம்! அந்தத் தேதிகளைக் காற்றுத் திசைப் பதிவுகளோடு ஒப்பிட எனக்கு மூன்று நாள் ஆனது. அஃபிடவிட்டோடு காலண்டரின் நகல்தான் இணைப்பாகப் போனது. அசலைத் தர ஆயா ஒப்பவில்லை, கிருத்திகை எப்போது என்று பார்க்க வேண்டுமாம்.

எங்கே என்று கேட்டீர்கள். கேப் டவுனில் சென்டர் ஃபார் என்விரான்மென்டல் ரைட்ஸ் என்ற சுற்றுச்சூழல் வக்கீல்கள் அமைப்பு இருக்கிறது. நிலக்கரி மின்நிலையங்கள் நிறைந்த ஹைவெல்ட் பகுதியின் காற்று மாசு பற்றிய 'டெட்லி ஏர்' வழக்கை நடத்தி 2022-இல் பிரிட்டோரியாவில் ஜெயித்தவர்கள். எல்லாரும் அங்கேதான் எழுதுவார்கள், போட்டி கடுமை. டர்பனில் பொதுநல வழக்குகள் நடத்தும் லீகல் ரிசோர்சஸ் சென்டர் உண்டு. ஆனால் என் யோசனை, முதல் முறைக்கு வக்கீல் அலுவலகமே வேண்டாம். தெற்கு டர்பன் மக்களின் சுற்றுச்சூழல் கூட்டமைப்பு (எஸ்.டி.சி.இ.ஏ.), பீட்டர்மாரிட்ஸ்பர்க்கின் கிரவுண்ட்வொர்க் போன்ற சுற்றுச்சூழல் அமைப்புகளில் கேளுங்கள். வழக்கு பிறக்கும் இடம் அது. சட்டம் தெரிந்த கை ஒன்று கூடக் கிடைத்தால் அவர்களுக்கும் லாபம்.

கடிதத்தில் 'இயற்கை மீது எனக்குத் தீராத காதல்' என்று எழுதாதீர்கள், எல்லாரும் அதையே எழுதுகிறார்கள். தபாமெட்சி தீர்ப்பில் (2017) எந்த வாதம் உங்களுக்கு ஒட்டவில்லை என்று அரைப்பக்கம் எழுதுங்கள். நிலக்கரி மின்நிலையத்துக்கு அனுமதி தரும்போது பருவநிலைப் பாதிப்பையும் பார்த்தாக வேண்டும் என்ற தீர்ப்பு அது.

பணம்? பல இடங்களில் சம்பளம் கிடையாது. டாக்ஸியில் போய்வரக் காசாவது தருவார்களா என்று கூச்சப்படாமல் முதல் நாளே கேட்டுவிடுங்கள். நான் கேட்கவில்லை. மெர்பேங்கிலிருந்து டவுனுக்குத் தினமும் போய்வர, அந்த ஜூன் முழுக்க அப்பாவிடம்தான் கை நீட்டினேன்.