தலைத் தீபாவளிக்கு முன் ஜப்பானில் தேனிலவு: மலையில் தொடங்கி நகரத்தில் முடியுங்கள்

கேள்வி: “எங்களுக்கு ஆவணியில் திருமணம். 2026 அக்டோபர் கடைசியில் இலையுதிர்காலம் பார்க்க ஜப்பானுக்குத் தேனிலவு போக ஆசை. மலை ஊர்களும் வேண்டும், ஒரு நகரமும் வேண்டும். டோக்கியோ, கியோத்தோ, ஒசாகா, தாகயாமா, ஷிராகாவாகோ, காமிகோச்சி எல்லாவற்றையும் எட்டு நாளில் முடிக்கலாமா? இருவருக்கும் இதுதான் முதல் வெளிநாட்டுப் பயணம்.”

தம்பி, முதலில் மனமார்ந்த வாழ்த்துகள். முடிக்கலாம்தான். ஆனால் பாதிப் பொழுது ரயிலிலும் மீதிப் பொழுது பெட்டி கட்டுவதிலும் போய்விடும். கியோத்தோவையும் ஒசாகாவையும் இந்த முறை விட்டுவிடுங்கள். மலையில் தொடங்கிப் படிப்படியாகக் கீழே இறங்கி, கனாசாவா என்ற ஒரே நகரத்தில் முடியுங்கள். மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து நானும் என் வீட்டுக்காரரும் அக்டோபர் கடைசியில் இந்த வழியாகத்தான் போய் வந்தோம். அந்தத் தெம்பில்தான் சொல்கிறேன்.

கியோத்தோவை ஏன் விடச் சொல்கிறேன் என்று கேட்பீர்கள். ரப்பர் தோட்டத்தில் வளர்ந்த நமக்கு இலையுதிர்வு புதிதில்லை. பிப்ரவரி, மார்ச் வறட்சியில் பால்மரங்கள் செம்பழுப்பாகி, காடு முழுக்க ஒரே சமயத்தில் இலை கொட்டுவதைப் பார்த்திருக்கிறோம். ஜப்பானில் அப்படி இல்லை. அங்கே இரவுக் குளிர் ஏற ஏற இலையின் பச்சையம் சிதைந்து மஞ்சளும் சிவப்பும் தெரியவரும். குளிர் முதலில் உச்சியைத்தான் பிடிக்கும். ஆகவே நிறமும் உச்சியில் தொடங்கி வாரா வாரம் கீழே இறங்கும். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் காமிகோச்சியில் அக்டோபர் பின்பாதியில் நிறம் முற்றும். அறுநூறு மீட்டரை ஒட்டிய தாகயாமாவில் அக்டோபர் கடைசியிலும் நவம்பர் தொடக்கத்திலும் பார்க்கலாம். கியோத்தோவுக்கு அது நவம்பர் பின்பாதியில்தான் போய்ச் சேரும். அக்டோபர் கடைசியில் கியோத்தோ போனால் பச்சை மேப்பிள் மரங்களைத்தான் பார்ப்பீர்கள்.

அடுத்தது நாள். 2026இல் தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. உங்களுக்கு அது தலைத் தீபாவளி. பெண் வீட்டில் எண்ணெய் தேய்த்துக் குளிக்க வேண்டிய மாப்பிள்ளை அன்று ஜப்பானில் இருந்தால் மாமியார் வீட்டில் காலத்துக்கும் பேச்சு இருக்கும். அதைவிட, அந்த நாளை இழப்பது உங்களுக்கே மனக்குறையாக இருக்கும். அக்டோபர் 24 சனிக்கிழமை கிளம்பி நவம்பர் 2 திங்கள் திரும்பினால் ஆறு நாள் விடுப்பு போதும். நம் நாட்டின் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்குக்கூட ஆண்டுக்கு 8 நாள் விடுப்பு உண்டு. வந்த பிறகு பலகாரம் சுட முழுதாக ஐந்து நாள் கையில் இருக்கும். புரட்டாசியும் அதற்குள் முடிந்துவிடும். விரதம் இருக்கும் குடும்பத்துக்கு இது சின்ன விஷயம் இல்லை.

வழியைச் சொல்கிறேன். டோக்கியோவின் ஷின்ஜுகு நிலையத்திலிருந்து அசுசா விரைவு ரயில் ஏறினால் ஏறக்குறைய இரண்டரை மணி நேரத்தில் மாட்சுமோட்டோ. அங்கே ஓர் இரவு போதும். கறுப்புச் சுவரும் அகழியுமாக நிற்கும் கோட்டையைப் பாருங்கள், பக்வீட் மாவில் செய்யும் சோபா நூடுல்ஸ் சாப்பிடுங்கள். மறுநாள் காலை பெரிய பெட்டிகளை விடுதி வரவேற்பிலேயே கொடுத்து, தாகயாமா விடுதிக்குக் கூரியரில் அனுப்பிவிடுங்கள். ஜப்பானில் இது அன்றாட வழக்கம். உங்களுக்கு முன்பே பெட்டி அங்கே காத்திருக்கும். இரண்டு நாளுக்கு வேண்டிய உடுப்பை முதுகுப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறி ஹிராயு என்ற வெந்நீர் ஊற்று ஊருக்குப் போய், அங்கே இரண்டு இரவு தங்குங்கள்.

முழுப் பயணத்திலும் நான் மிகவும் வற்புறுத்துவது இந்த இரண்டு இரவைத்தான். ஹிராயுவிலிருந்து காமிகோச்சிக்கு பஸ்ஸில் அரை மணி நேரம்கூட ஆகாது. சொந்த வாகனங்களுக்கு அங்கே அனுமதி இல்லை. பகல் சுற்றுலாக் கூட்டம் வந்து சேருமுன் காலை முதல் பஸ்ஸில் ஏறி, தாய்ஷோ குளம் நிறுத்தத்தில் இறங்குங்கள். 1915இல் யாகேதாகே எரிமலை வெடித்து ஆற்றை மறித்ததால் உண்டான குளம் அது. பட்டுப்போன மரங்கள் இன்னும் தண்ணீரில் நிற்கின்றன. அங்கிருந்து கப்பா பாலம் வரை ஆற்றோரமாகச் சமதள நடை, நிதானமாக நடந்தால் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். லார்ச் என்ற ஊசியிலை மரம் அந்த வாரத்தில் பொன்னிறமாகி, காற்று அடிக்கும்போதெல்லாம் ஊசிகளைக் கொட்டும். என் வீட்டுக்காரரின் கம்பளித் தொப்பி முழுக்க அவைதான். விரலால் ஒவ்வொன்றாக எடுக்க எடுக்கத் தீரவில்லை. பின்னால் ஹோத்தாகா சிகரங்களில் புதுப் பனி படிந்திருந்தது. மறுநாள் மழையில்லாவிட்டால் ஷின்ஹோத்தாகா கேபிள் கார் ஏறுங்கள். மேல் நிலையம் 2,156 மீட்டரில் இருக்கிறது. அவ்வளவு உயரத்தில் இலைகள் உதிர்ந்து முடிந்திருக்கும். ஏறி வரும் வழியிலேயே மொட்டை மரம், மஞ்சள் மரம், பச்சை மரம் என்று மலை அடுக்கடுக்காகத் தெரியும்.

வெந்நீர்க் குளியல் பற்றி இங்கே யாரும் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள், நானே சொல்லிவிடுகிறேன். பொதுக்குளியலில் ஆணும் பெண்ணும் தனித்தனி, உடுப்பு எதுவும் இல்லாமல்தான் இறங்க வேண்டும். கூச்சமாக இருந்தால் தம்பதிக்கென்று தனியாக ஒதுக்கும் குளியலறை உள்ள விடுதியைப் பாருங்கள். மலை ஊர்களில் அப்படிப் பல உண்டு. பச்சை குத்தியவர்களை அனுமதிக்காத இடங்களும் உண்டு. கையில் மருதாணி மிச்சம் இருந்தால் அது தானே அழிந்துவிடும் சாயம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். மனைவியின் கால் மெட்டி வெள்ளி என்றால், கந்தக நீரில் சட்டென்று கறுத்துப்போகும். புது மெட்டியை அப்படிப் பார்க்க மனம் தாங்காது. குளியலுக்கு முன் கழற்ற விருப்பமில்லை என்றால் கந்தகமில்லாத ஊற்றா என்று விடுதியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பிறகு தாகயாமா, இரண்டு இரவு. புதன், வியாழனில் வரும்படி நாளை அமைத்துக்கொண்டால் கூட்டம் குறைவு. மியாகாவா ஆற்றோரக் காலைச் சந்தையில் ஆப்பிளும் ஊறுகாயும் விற்கும் பாட்டிமாரைப் பார்த்தபோது எனக்கு எங்கள் ஊர்ச் சந்தைதான் நினைவுக்கு வந்தது. முகமே இல்லாத சிவப்புத் துணிப் பொம்மை ஒன்றைக் கடைதோறும் தொங்கவிட்டிருப்பார்கள். நல்ல இல்லறத்துக்கும் சுகப் பிரசவத்துக்கும் காப்பாக அங்குள்ளவர்கள் அதைக் கருதுகிறார்கள். புதுத் தம்பதிக்கு அதைவிடப் பொருத்தமான நினைவுப்பொருள் கிடைக்காது. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: அந்தப் பருவத்தில் ஐந்து மணிக்கே சூரியன் மறைந்துவிடும், பழைய தெருவின் கடைகளும் அதையொட்டி மூடிவிடும். ஏழு மணிவரை வெளிச்சம் பார்த்துப் பழகிய நமக்கு அது பெரிய வித்தியாசம். வெளியில் பார்ப்பதையெல்லாம் காலையில் வைத்துக்கொண்டு, மாலையை விடுதிக்கும் உங்கள் இருவருக்கும் விட்டுவிடுங்கள். தேனிலவுக்கு நீண்ட மாலை ஒரு கொடை.

சாப்பாட்டில் கவனம் தேவை. தாகயாமா மாட்டிறைச்சிக்குப் பெயர்போன ஊர். தெருவெல்லாம் அதன் மணம். விடுதி இரவுணவிலும் அதுதான் முதலில் வரும். வேண்டாம் என்பதை முன்பதிவின்போதே எழுதிவிட்டால் மீனோ காய்கறியோ வைப்பார்கள். மக்னோலியா இலையின்மேல் மிசோ என்ற சோயா விழுதையும் காளானையும் வைத்து, சிறு கரி அடுப்பில் வாட்டும் ஹோபா மிசோ நம் நாக்குக்கு நன்றாகவே ஒத்துப்போகிறது. முழுச் சைவம் என்றால் கூடுதல் விழிப்பு வேண்டும், ஏனென்றால் சாறு வகைகளில் பெரும்பாலும் மீன் சாறு கலந்திருக்கும். நெத்திலிச் சம்பல் கொண்டுபோகலாம். கோழிக் குழம்புப் பொட்டலம், இறைச்சி வற்றல் எதையும் பெட்டியில் வைக்காதீர்கள். ஜப்பானுக்குள் இறைச்சிப் பொருள் கொண்டுபோகத் தடை இருக்கிறது, சுங்கத்தில் மிகக் கண்டிப்பு.

தாகயாமாவிலிருந்து பஸ்ஸில் ஷிராகாவாகோ ஐம்பது நிமிடம். 1995இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த கிராமம். பனி வழுக்கி விழும்படி கூரையைச் செங்குத்தாக வேய்ந்திருக்கிறார்கள். மேல்மாடங்களில் முன்பு பட்டுப்புழு வளர்த்தார்கள். இரண்டு மூன்று மணி நேரம் பார்த்துவிட்டு அப்படியே கனாசாவா பஸ்ஸைப் பிடியுங்கள்.

கனாசாவாவில் இரண்டு இரவு. பழைய தேநீர் விடுதித் தெரு, மீன் சந்தை, ஜப்பானின் தங்கத் தகடு ஏறக்குறைய முழுவதும் தயாராகும் பட்டறைகள் என்று எல்லாம் பக்கத்தில் பக்கத்தில். ஆனால் நான் இந்த நாள்களைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் கென்ரோகுவென் தோட்டம். ஈரப்பனியின் பாரத்தில் கிளை முறியாமல் இருக்க, அங்குள்ள பைன் மரங்களுக்கு ஆண்டுதோறும் நவம்பர் 1 அன்று கயிறு கட்டத் தொடங்குவார்கள். மரத்தைவிட உயரமான கம்பத்தின் உச்சியில் தோட்டக்காரர் ஏறி நின்று கயிறுகளைச் சுற்றிலும் வீசுவார். கீழே இருப்பவர்கள் ஒவ்வொரு கயிற்றையும் ஒவ்வொரு கிளையில் கட்டி இழுத்துச் சரிபார்ப்பார்கள். காலையில் அதைப் பார்த்துவிட்டு மதியம் ஷின்கான்சென் அதிவேக ரயில் ஏறினால் இரண்டரை மணி நேரத்தில் டோக்கியோ, மறுநாள் விமானம்.

குளிர் உடுப்புக்கு அதிகம் செலவழிக்க வேண்டாம். காமிகோச்சியின் விடியல் பூச்சியம் பாகையைத் தொடும், கேமரன் மலைக் குளிரை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். ஆனால் பழைய உடுப்பு விற்கும் ஈப்போ பண்டல் கடைகளில் ஜப்பானிலிருந்தே வந்த நல்ல குளிர்ச்சட்டைகள் மலிவாகக் கிடைக்கும். துவைத்துப் போட்டால் புதுசுதான். உள்ளே போடும் வெப்ப உடுப்பை மட்டும் புதிதாக வாங்குங்கள்.

விசா வேண்டாம், சிப் உள்ள மலேசியக் கடப்பிதழுக்கு 90 நாள்வரை சலுகை உண்டு. நாடு முழுதும் செல்லும் ரயில் பாஸ் வாங்காதீர்கள். 2023 அக்டோபரில் ஏழு நாள் பாஸ் 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னுக்கு ஏறியது. பாதி வழி பஸ்ஸில் போகும் உங்களுக்கு அது நட்டம். மலை விடுதிகள் ஆளுக்கு இவ்வளவு என்று, இரண்டு வேளைச் சாப்பாட்டையும் சேர்த்துத்தான் விலை சொல்லும். அறை வாடகையோடு ஒப்பிட்டு மலைக்காதீர்கள்.

முதலில் ஹிராயு விடுதி, அடுத்து விமானம், பிறகு மற்றவை என்று முன்பதிவு செய்யுங்கள். அந்த ஊரில் அறைகள் குறைவு, இலைப் பருவத்தில் சீக்கிரம் நிரம்பிவிடும். ரயில் டிக்கெட் பயண நாளுக்குச் சரியாக ஒரு மாதம் முன்பு, ஜப்பான் நேரம் காலை 10 மணிக்கு விற்பனைக்கு வரும். நமக்கு அது 9 மணி. நவம்பர் 1 ஞாயிற்றுக்கிழமை, அதற்கு இரண்டு நாள் கழித்து அங்கே பொது விடுமுறையும் வருகிறது. கனாசாவா டிக்கெட்டை அக்டோபர் 1 காலையிலேயே எடுத்துவிடுங்கள்.