எச்ஆர்சிடி: ஏற்கெனவே எடுத்த ஸ்கேன் போதாதா?

கேள்வி: அப்பாவுக்கு 61 வயது. கடலூர் முதுநகரில் வீட்டு மாடியில் பல வருடமாகப் புறா வளர்க்கிறார். ஆறு மாதமாக வறட்டு இருமல். படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. போன மாதம் மருந்து ஏற்றி நெஞ்சு ஸ்கேன் எடுத்தோம். இப்போது புதுச்சேரியில் பார்க்கும் மருத்துவர் எச்ஆர்சிடி (நுரையீரலை மிக மெல்லிய துண்டுகளாக நுணுக்கமாகக் காட்டும் சிடி ஸ்கேன்) கேட்கிறார். மூச்சை இழுத்தும், விட்டும், குப்புறப் படுத்தும் எடுக்க வேண்டுமாம். பழையது போதாதா?

பதில்: முதலில் பழைய ஸ்கேனை பிலிமாக அல்ல, டைகாம் கோப்புகளாக (ஸ்கேன் படங்களின் கணினி வடிவம்) பென்டிரைவில் வாங்குங்கள். அதில் 1 மி.மீ. தடிமனுள்ள ஸ்லைஸ் (குறுக்குவெட்டுப் படம்) இருந்தால் ஒரு பகுதி வேலை முடிந்தது. 5 மி.மீ. மட்டும் இருந்தால் உதவாது; மெல்லிய கோடுகளும் சிறு புள்ளிகளும் பக்கத்துத் திசுவோடு கலந்து மங்கிவிடும். அதை வைத்துப் பிறகு மெல்லிய ஸ்லைஸ் உருவாக்கவும் வழியில்லை, ஸ்கேன் எடுத்தபோது பதிவான மூலத் தரவு பெரும்பாலும் சில நாளில் மெஷினிலிருந்து அழிந்துவிடும். ஏற்றிய மருந்தும் நுரையீரலைச் சற்று வெளுப்பாகக் காட்டும். எச்ஆர்சிடிக்கு மருந்து வேண்டாம், வெறும் வயிறும் பொதுவாகத் தேவையில்லை.

நுரையீரலின் காற்றறைகள் சுமார் 0.2 மி.மீ. தான், எந்த மருத்துவமனை ஸ்கேனிலும் அவை தனித்தனியாகத் தெரியாது. தெரிவது அவற்றின் தொகுப்பு: கொட்டைப் பாக்கு அளவில், 1 முதல் 2.5 செ.மீ. வரை உள்ள நுண்மடல். அதன் நடுவில் மூச்சுக்குழலும் தமனியும் போகும். பறவைத் தூசியால் வரும் ஒவ்வாமை நுரையீரல் அழற்சி அந்த நடுப்பகுதியைத்தான் பிடிக்கும். குழல் சுருங்கிய மடலில் காற்று சிக்கிக்கொள்ளும். மூச்சை இழுத்த படத்தில் இது நழுவிவிடலாம்; விட்ட படத்தில் மற்ற இடமெல்லாம் வெளுக்க, அந்த மடல் மட்டும் கறுப்பாகவே நிற்கும். அதனால் பழைய கோப்பு நன்றாக இருந்தாலும், மூச்சை விட்டு எடுக்கும் படத்தைத் தவிர்க்கக் கூடாது. ஸ்லைஸ்களை முப்பரிமாணமாக அடுக்கி நெடுக்குவாட்டில் பார்த்தால் பாதிப்பு மேல்பகுதியிலா அடிப்பகுதியிலா என்பது புரியும். நோயைப் பிரித்தறிய அது பெரிய துப்பு.

ஸ்கேன் கெட்டுப்போவது பெரும்பாலும் மூச்சில்தான். அரைகுறையாக இழுத்தால் நல்ல நுரையீரலே புகைமூட்டமாகத் தெரியும், இல்லாத நோய் ரிப்போர்ட்டில் ஏறும். இருமினால் ஒரு குழாய் இரண்டாகத் தெரியும். வீட்டிலேயே மல்லாக்கப் படுத்து, முழுதாக இழுத்து 10 விநாடி அடக்கவும், முழுதாக விட்டு அதேபோல் நிறுத்தவும் பழக்குங்கள். முழுதாக விட்டிருந்தால் மூச்சுப் பெருங்குழலின் பின்சுவர் உள்நோக்கி வளைந்திருக்கும். டெக்னீஷியன் அதைப் பார்த்துச் சரியில்லை என்றால் அப்போதே மறுபடி எடுக்கலாம். கடலூரிலிருந்து பஸ்ஸில் போய் இறங்கியதும் படுக்கவைக்க வேண்டாம். அரை மணி உட்காரட்டும், வெந்நீர் குடித்து இருமித் தீர்த்துவிடட்டும்.

குப்புறப் படுப்பது எதற்கென்றால், மல்லாக்கப் படுக்கும்போது நுரையீரலின் பின்புறம் அழுந்தி வெளுக்கும். கவிழ்ந்தால் அது மறையும். உண்மையான தழும்பு மறையாது. மல்லாக்க எடுத்ததிலேயே பின்புறம் தெளிவாக இருந்தால் இதைத் தவிர்க்கலாம். கதிர்வீச்சை நினைத்துத் தயங்குகிறீர்கள் என்றால், நெஞ்சு ஸ்கேன் பொதுவாக 5 முதல் 7 மில்லிசீவர்ட் (உடல் பெறும் கதிர்வீச்சை அளக்கும் அலகு). மூச்சை விட்டு எடுப்பதைக் குறைந்த அளவில் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். இந்த வயதில், இந்த அறிகுறிகளோடு, எடுப்பதே சரி.

ஸ்கேன் சீட்டில் ‘புறா வளர்க்கிறார்’ என்று எழுதச் சொல்லுங்கள். படம் படிப்பவருக்கு அந்த ஒரு வரி மிக முக்கியம். ரிப்போர்ட் வரும்வரை காத்திராமல், கூண்டைச் சுத்தம் செய்யும் வேலையை இன்றே வேறொருவரிடம் ஒப்படையுங்கள். அப்பா அந்தப் பக்கமே போக வேண்டாம்.