20 வயது மகனுக்கு சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ்: இருமல் கூடுகிறது, எடை இறங்குகிறது, கேட்டால் ‘ஒன்றுமில்லை’ என்கிறான். என்ன செய்வது?

நீங்கள் எழுதியிருப்பது இவ்வளவு: மகனுக்கு சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் (சுருக்கமாக சி.எஃப்.), அதாவது சளி கெட்டியாகி நுரையீரலையும் செரிமானத்தையும் பாதிக்கும் பிறவி நோய். வெளியூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறான். மூன்று வாரமாக இருமல் வழக்கத்தைவிட அதிகம். 50 கிலோ இருந்தவன் 47-க்கு வந்துவிட்டான். நேற்று சளியில் ரத்தக் கோடு தெரிந்ததாக வாய்தவறிச் சொல்லியிருக்கிறான். டாக்டரிடம் போகலாம் என்றால், ‘செமஸ்டர் முடியட்டும்மா’ என்கிறான்.

செமஸ்டர் முடியும்வரை காத்திருக்க வேண்டாம். இன்றே அவனைப் பார்க்கும் சி.எஃப். மருத்துவரிடம் போனில் பேசுங்கள், இரண்டு மூன்று நாளுக்குள் நேரில் காட்டுங்கள். ராத்திரியோடு ராத்திரியாக ஓடவேண்டிய நிலை இதில் தெரியவில்லை. எப்போது அப்படி ஓடவேண்டும் என்பதைக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

சி.எஃப். உள்ள வீட்டில் இருமல் சத்தத்துக்குக் காது பழகிவிடும். அதனால் ‘இருமல் இருக்கிறதா’ என்று கேட்டுப் பயனில்லை. அவனுடைய வழக்கத்திலிருந்து எது மாறியது என்பதே முக்கியம். சளியின் அளவு கூடியதா, கெட்டியானதா, வெளிர் மஞ்சள் கரும்பச்சையானதா? ராத்திரி இருமி எழுந்திருக்கிறானா? இரண்டாவது மாடி ஏறும்போது முன்பு நிற்காதவன் இப்போது நிற்கிறானா? பசி குறைந்ததா, சோர்வு கூடியதா? மருத்துவர்கள் கையில் இதற்கென்று 12 அறிகுறிகள் கொண்ட ஒரு பட்டியல் உண்டு. அதில் நான்கு சேர்ந்துவிட்டால் நுரையீரல் தொற்று தீவிரமாகிவிட்டது என்று எடுத்துக்கொள்வார்கள். இருமல், ரத்தம், எடைக்குறைவு என மூன்று உங்கள் கேள்வியிலேயே இருக்கின்றன. சோர்வைப் பற்றி அவனிடம் கேட்டால் நான்காவதும் வந்துவிடும் என்றே நினைக்கிறேன்.

பல பெற்றோர் காய்ச்சலுக்காகக் காத்திருக்கிறார்கள். இந்தத் தொற்றில் பெரும்பாலும் காய்ச்சல் வராது. காய்ச்சல் இல்லை என்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

நம்பத்தகுந்த அளவுகோல் ஸ்பைரோமெட்ரி, அதாவது குழாயில் ஊதி நுரையீரலின் திறனை அளக்கும் பரிசோதனை. முதல் ஒரு விநாடியில் ஊதித்தள்ளும் காற்றின் அளவுதான் எஃப்.இ.வி.1. போன முறை 2.4 லிட்டர் ஊதியவன் இப்போது 2.16 லிட்டர் ஊதினால் பத்து சதவீதம் போய்விட்டது என்று பொருள். அந்த அளவு இறங்கினால் சிகிச்சை தேவை. இங்கே ஏன் அவசரப்படுத்துகிறேன் என்றால், ஆஸ்பத்திரியில் சேர்த்து ட்ரிப்ஸ் வழியாக ஆன்டிபயாடிக் கொடுத்த பிறகும் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு நுரையீரல் பழைய அளவுக்குத் திரும்புவதில்லை. பரீட்சையை அடுத்த முறை எழுதிக்கொள்ளலாம். போன காற்றளவு திரும்பி வரும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது.

மருத்துவரைப் பார்ப்பதற்குள் மெடிக்கல் ஷாப்பில் ஐந்து நாள் அசித்ரோமைசின் வாங்கிப் போட்டுவிடாதீர்கள். சூடோமோனாஸ் போன்ற கிருமி அதற்கெல்லாம் அடங்காது. மாத்திரை போட்ட பிறகு எடுக்கும் சளியில் கிருமி சரியாக வளராது, எதற்கு எந்த மருந்து கேட்கும் என்றே தெரியாமல் போய்விடும். ஆகவே முதலில் சளி கல்ச்சர் (சளியிலுள்ள கிருமியை லேபில் வளர்த்துப் பார்ப்பது), பிறகுதான் ஆன்டிபயாடிக். காலையில் நெபுலைசரும் (மருந்தை ஆவியாக்கி மூச்சோடு இழுக்கும் கருவி) சளியை வெளியேற்றும் பிசியோதெரபியும் முடித்தவுடன், வாயை வெறும் தண்ணீரில் கொப்பளித்துவிட்டு, ஆழமாக இருமி வரும் சளியைக் கிருமிநீக்கிய டப்பாவில் எடுக்கச் சொல்லுங்கள். எச்சிலாக இருந்தால் பயனில்லை. இரண்டு மணி நேரத்துக்குள் லேபில் கொடுக்க வேண்டும். சீட்டில் ‘சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோயாளி’ என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அப்படி எழுதினால்தான் பர்க்கோல்டீரியா போன்ற மெதுவாக வளரும் கிருமிகளுக்கான தனி ஊடகத்தில் வைத்துக் கூடுதல் நாள் பார்ப்பார்கள்.

நம் ஊரில் இன்னொரு சிக்கல் உண்டு. மூன்று வார இருமல், எடைக்குறைவு, சளியில் ரத்தம் என்று சொன்னவுடன் எந்த மருத்துவருக்கும் காசநோய்தான் முதலில் நினைவுக்கு வரும். வரவும் வேண்டும். ஆனால் எக்ஸ்ரேயை மட்டும் பார்த்து, சி.எஃப். நுரையீரலில் ஏற்கெனவே இருக்கும் தழும்பைக் காசநோய் என்று எண்ணி மருந்தைத் தொடங்கிவிடக் கூடாது. சளியில் சிபிநாட் பரிசோதனை (காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடுவது) கேளுங்கள். சாதாரண சளிப் பரிசோதனையில் ‘பாசிட்டிவ்’ வந்தாலும், அது காசநோயாக இல்லாமல் அதே குடும்பத்தின் வேறு கிருமியாக இருக்கலாம். அந்தக் கிருமிகள் சி.எஃப். நுரையீரலில் குடியேறுவது வழக்கம், அவற்றுக்கான மருந்துமுறை வேறு. அவை இருக்கும்போது அசித்ரோமைசினை மட்டும் தனியாகத் தொடர்ந்து கொடுத்தால், பின்னால் அந்த மருந்தே கேட்காமல் போகும். மகன் சி.எஃப்.டி.ஆர். மாடுலேட்டர் மாத்திரை (சி.எஃப். நோயின் மூலக் குறையையே சரிசெய்ய உதவும் மருந்து) சாப்பிடுகிறவனாக இருந்தால் இன்னொன்று: காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின் அந்த மாத்திரையின் பலனை ஏறக்குறைய அழித்துவிடும். சி.எஃப். மருத்துவரும் காசநோய் மருத்துவரும் ஒருவரோடொருவர் பேசாமல் மருந்து மாறக் கூடாது.

மழைக்காலத்தில் சேற்றுத் தண்ணீரில் வெறுங்காலோடு நடந்திருந்தால் அதையும் சொல்லச் சொல்லுங்கள். மெலியாய்டோசிஸ் என்ற தொற்றைத் தரும் கிருமி தென்னிந்திய மண்ணில் இருக்கிறது. லேபில் அதைச் சூடோமோனாஸ் என்று தவறாகப் படிப்பதும் நடக்கிறது.

இனி ரத்தம். பயத்தில் எல்லா ரத்தமும் ஒன்றாகத்தான் தெரியும், ஆனால் அளவை வைத்துப் பிரிக்கலாம். சளியில் இழையோடும் கோடு, ஒரு டீஸ்பூனுக்கும் குறைவு, அதாவது 5 மி.லி.க்குள் என்றால் அது பெரும்பாலும் தொற்றால் வீங்கிய மூச்சுக்குழாயின் கசிவு. முதல் முறை என்றால் கட்டாயம் மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். ஆனால் பிசியோதெரபியை நிறுத்த வேண்டியதில்லை. நிறுத்தினால் சளி தேங்கித் தொற்று கூடும். ஒரு டீஸ்பூனைத் தாண்டினால் அன்றைக்கே காட்டியாக வேண்டும். 24 மணி நேரத்தில் 240 மி.லி., கிட்டத்தட்ட ஒரு பெரிய டம்ளர் என்றால் உயிராபத்து. அவ்வளவு சேரும்வரை யாரும் அளந்துகொண்டிருக்கக் கூடாது. வாய் நிறைய ரத்தமாக வந்தாலே 108-ஐ அழையுங்கள். உட்கார வைக்க வேண்டும். எந்தப் பக்கம் கசிகிறது என்று அவனுக்குத் தெரிந்தால் (பலருக்கு அந்தப் பக்கம் கொதிப்பது போலவோ சலசலப்பது போலவோ தெரியும்) அந்தப் பக்கம் கீழே இருக்கும்படி சாய்க்க வேண்டும். அப்போது உப்புநீர் நெபுலைசரும் பிசியோதெரபியும் கூடாது. ஆஸ்பத்திரியில் கசியும் ரத்தக்குழாயை உள்ளிருந்தே அடைக்கும் எம்பொலைசேஷன் வசதி இருக்கிறதா என்று இப்போதே விசாரித்து வையுங்கள்.

கோடு அளவு ரத்தமாக இருந்தாலும் ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் எதுவும் வேண்டாம். வலிக்குப் பாராசிட்டமால் போதும். ரத்தம் உறையும் நேரத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். கொழுப்பு செரிக்காத உடலில் வைட்டமின் கே-யும் சேராது, அதனாலும் ரத்தம் கசியும். இதை நீங்களே கேட்டு வாங்குங்கள்.

எடைக்கு வருகிறேன். தொற்றே மூன்று கிலோவைத் தின்றிருக்கலாம். ஆனாலும் வேறு இரண்டைப் பார்க்காமல் விடக் கூடாது.

ஒன்று, சாப்பாட்டைச் செரிக்க வைக்கும் என்சைம் கேப்ஸ்யூல். ஒரு வேளைச் சாப்பாட்டுக்குக் கிலோவுக்கு 500 முதல் 2,500 யூனிட் லைபேஸ் (கொழுப்பைச் செரிக்கும் என்சைம்), ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 10,000-ஐத் தாண்டக் கூடாது என்பது விதி. 47 கிலோவுக்கு, 25,000 யூனிட் கேப்ஸ்யூல் என்றால் வேளைக்கு ஒன்று முதல் நான்கு, நாளைக்கு உச்சமாகப் பதினெட்டு. அந்த வரம்புக்குள் எத்தனை என்பதை மருத்துவர் சொல்வார். விடுதி மெஸ்ஸில் நாலு பேர் நடுவே கேப்ஸ்யூலை எடுத்து விழுங்கக் கூச்சப்பட்டு, சாப்பிட்டுவிட்டு அறைக்குப் போய்ப் போடுகிறானா என்று கேளுங்கள். அதற்குள் சோறு இறங்கிவிடும். முதல் கவளத்தோடு பாதி, நடுவில் மீதி என்று போட்டால்தான் சரி. பால் காபிக்கும், நல்லெண்ணெய் ஊற்றிய இட்லிப்பொடிக்கும் என்சைம் வேண்டும்; வெறும் பழத்துக்கு வேண்டாம். டப்பா எங்கே இருக்கிறது என்றும் பாருங்கள். வெயிலில் நிறுத்திய ஸ்கூட்டர் டிக்கியில் ஒரு மாதம் கிடந்த கேப்ஸ்யூல் பார்க்க அப்படியே இருக்கும், வேலை செய்யாது. மலம் எண்ணெய்ப் பசையோடு மிதந்து, கடுமையாக நாறி, பீங்கானில் ஒட்டிக்கொண்டால் என்சைம் போதவில்லை.

இன்னொன்று சர்க்கரை. சி.எஃப். உள்ள பெரியவர்களில் பாதிக்கு அருகில் வரும் நீரிழிவு இது. தாகம், அடிக்கடி சிறுநீர் எல்லாம் வருவதற்கு முன்பே எடை இறங்கும், மூச்சளவு குறையும். எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரை) சரியாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் அதோடு விட்டுவிடாதீர்கள், சி.எஃப். நோயாளிக்கு அந்தப் பரிசோதனை குறைத்துக் காட்டும். 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்ப்பதே சரியான பரிசோதனை. பத்து வயதிலிருந்து ஆண்டுக்கு ஒரு முறை செய்ய வேண்டியது அது. சர்க்கரை வந்துவிட்டால் சிகிச்சை இன்சுலின்தான். சோற்றைக் குறை, இனிப்பைத் தொடாதே என்று சொந்தக்காரர்கள் சொல்லும் எதையும் இவனுக்குச் செய்துவிடாதீர்கள். இவன் நிறையச் சாப்பிட்டாக வேண்டும்.

உப்பும் அப்படித்தான். இவனைப் போன்றவர்களின் வியர்வையில் குளோரைடு பொதுவாக லிட்டருக்கு 60 மில்லிமோலுக்கு மேல், மற்றவர்களுக்கு 30-க்குள். சித்திரை வெயிலில் கிரிக்கெட் ஆடிவிட்டு வந்தால் நெற்றியிலும் சட்டைக் காலரிலும் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். அன்று தலைவலி, கெண்டைக்கால் பிடிப்பு, குமட்டல் வந்தால் வெறும் தண்ணீராகக் குடிக்கக் கொடுக்காதீர்கள், இருக்கிற உப்பும் நீர்த்துப்போகும். ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை முழுதாக, அதில் எழுதியிருக்கும் அளவு தண்ணீரில் கலக்க வேண்டும், அரை டம்ளரில் கொஞ்சம் கொட்டக் கூடாது. தினப்படிக்கு உப்புத் தூக்கலாகப் போட்ட நீர்மோர், ஊறுகாய், அப்பளம் எல்லாம் இவனுக்கு நல்லது. நிற்காத வாந்தி, மயக்கம், குழப்பமான பேச்சு என்றால் ஆஸ்பத்திரிதான். அங்கே சோடியத்தோடு பொட்டாசியம், குளோரைடு, பைகார்பனேட் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும்.

உடனே ஓடவேண்டிய வேறு இரண்டு நிலைகள் உண்டு. திடீரென்று ஒரு பக்க நெஞ்சில் குத்தல் எடுத்து, கூடவே மூச்சு முட்டினால் நுரையீரலில் காற்று கசிந்திருக்கலாம். வாயு என்று இஞ்சிச்சாறு கொடுத்துப் பார்க்கும் நேரமில்லை அது. மற்றது, அடிவயிற்றின் வலப்பக்கம் வலி, வயிறு உப்பல், மலமும் காற்றும் பிரியாமை, பச்சையாக வாந்தி. கெட்டியான மலம் சிறுகுடலின் கடைசியில் அடைத்துக்கொள்வது இது. அப்பெண்டிசைட்டிஸ் என்று எண்ணி அறுவைக்குக் கொண்டுபோய்விடுவார்கள். ‘சி.எஃப். இருக்கிறது, குடலடைப்பாக இருக்கலாம், சி.டி. ஸ்கேன் பாருங்கள்’ என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். வாந்தி இருக்கும்போது பேதி மருந்து வாயால் கொடுக்கவே கூடாது.

அவன் மறைப்பதைப் பற்றி. காலையும் மாலையும் நெபுலைசர், பிசியோ, பிறகு நெபுலைசர் கப்பைக் கழுவி ஐந்து நிமிடம் கொதிக்க வைத்து உலர்த்துவது என்று ஒரு நாளில் இரண்டு மணி நேரம் போகிறது. அறைத்தோழன் முன்னால் செய்ய வேண்டியிருக்கிறது. ‘மருந்து போட்டியா’ என்று தினமும் கேட்டால் ‘போட்டேன்’ என்றுதான் பதில் வரும். ‘இந்த வாரம் எத்தனை வேளை விட்டுப்போச்சுப்பா, எது ரொம்பக் கஷ்டமா இருக்கு?’ என்று கேட்டுப் பாருங்கள். விட்டது தவறில்லை என்ற இடத்திலிருந்து தொடங்கினால் உண்மை வரும். விட்டதைக் கேட்டுத் திட்டினீர்கள் என்றால் அதுதான் அவன் கடைசியாகச் சொன்ன உண்மையாக இருக்கும்.

ஞாயிறுதோறும் எடை, சளியின் நிறம், மாடி ஏறினால் எப்படி இருக்கிறது, இந்த மூன்றை மட்டும் அவன் அனுப்பட்டும். மற்ற நாளில் நோயைப் பற்றி நீங்கள் கேட்க மாட்டீர்கள் என்று சொல்லி, அதைக் காப்பாற்றுங்கள். எந்த நிலையில் அவனே டாக்டரை அழைப்பான், எந்த நிலையில் உங்களை எழுப்புவான் என்று அவன் கையாலேயே ஒரு தாளில் எழுதச் சொல்லி, அவன் சம்மதித்தால் ஒரு பிரதி வார்டனிடம் இருக்கட்டும். ஆலோசனை அறையில் பாதி நேரம் நீங்கள் வெளியே இருங்கள். தூக்கம், மனச்சோர்வு, பின்னாளில் குழந்தை பிறக்குமா என்ற கேள்வி எல்லாம் அம்மா எதிரே வராது. மாடுலேட்டர் சாப்பிடுகிறவர்களில் சிலருக்குத் தூக்கமின்மையும் பதற்றமும் வருகின்றன. அதை அவன் மருத்துவரிடமாவது சொல்ல வழி வேண்டும்.

உள்ளூரில் சி.எஃப். பார்த்துப் பழகியவர் இல்லையென்றால் வேலூர் சி.எம்.சி.யில் காட்டுங்கள். சேர்த்துக்கொண்டு அமிகாசின் அல்லது டோப்ராமைசின் என்ற ஆன்டிபயாடிக் போட்டால், காதில் இரைச்சலோ தள்ளாட்டமோ வந்தால் உடனே சொல்லச் சொல்லுங்கள். அந்த நாட்களில் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும்) கிரியாட்டினினும் மருந்தின் ரத்த அளவும் பார்க்க வேண்டும். வலி ஊசியாக டைக்ளோஃபெனாக் சேர்ந்துவிட்டால் சிறுநீரகம் கெடும், நர்ஸிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வார்டில் வேறு சி.எஃப். பிள்ளை இருந்தால் எவ்வளவு ஆறுதலாக இருந்தாலும் இருவரும் இரண்டு மீட்டர் தள்ளித்தான் இருக்க வேண்டும், ஒருவர் கிருமி மற்றவருக்குப் போகும்.

போகும்போது பழைய கல்ச்சர் ரிப்போர்ட்டுகள், கடைசி இரண்டு ஸ்பைரோமெட்ரித் தாள்கள், அவனுடைய நெபுலைசர் கப், பத்து நாளுக்கான என்சைம் டப்பா எல்லாவற்றையும் ஒரே பையில் எடுத்துக்கொள்ளுங்கள். என்சைம் அங்கே மருந்தகத்தில் உடனே கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். அது இல்லாமல் வரும் ஆஸ்பத்திரிச் சாப்பாடு அவன் உடம்பில் ஒட்டாது.