வாசகர் கேள்வி–பதில்: துண்டுப்பிரசுரங்களில் அடிமைகள்

கேள்வி: அமெரிக்காவின் தொடக்ககால மதத் துண்டுப்பிரசுரங்கள் அடிமை முறையை ஆதரித்தனவா, எதிர்த்தனவா?
– வாசகர், அல்சூர், பெங்களூரு

பதில்: இரண்டும் உண்டு. அதுவும் பாஸ்டன் என்ற ஒரே ஊரில், ஆறு ஆண்டு இடைவெளிக்குள். 1700இல் நீதிபதி சாமுவேல் ஸீவால் ‘யோசேப்பை விற்றது’ என்று மூன்றே பக்கத்தில் ஒரு பிரசுரம் போட்டார். (அமெரிக்காவின் சேலம் ஊரில் நடந்த சூனிய வழக்குகளை விசாரித்துவிட்டு, 1697இல் சபை நடுவே மன்னிப்புக் கேட்டவர் இவர்தான்.) ஆளைத் திருடி விற்பவன் கொலை செய்யப்பட வேண்டும் என்ற யாத்திராகமம் 21:16ஐ முன்வைத்தார். கறுப்பர்கள் நோவாவின் மகன் காமின் வழிவந்தவர்கள், அடிமையாவது அவர்கள் மேல் உள்ள ‘காமின் சாபம்’ என்று சொன்னவர்களுக்கு, ஆதியாகமம் 9இல் சாபம் பெற்றவன் காமின் மகன் கானான்தானே என்று பதில் கொடுத்தார். அதற்காக அவரை இன்றைய சமத்துவவாதியாக்கிவிட வேண்டாம். கறுப்பர்கள் வெள்ளையரோடு ஒரே சமூகமாக ஒட்ட முடியாது என்பதும் அதே மூன்று பக்கத்துக்குள் இருக்கிறது. அடுத்த ஆண்டே ஜான் சாஃபின் மறுப்பு அச்சிட்டார். ஆபிரகாமிடமே அடிமைகள் இருந்தார்களே என்று வாதிட்டார்.

1706இல் பாஸ்டன் போதகர் காட்டன் மேதர் எழுதியது வேறு ரகம். அடிமைகளுக்கு வேதம் கற்பியுங்கள் என்று எஜமானர்களை வற்புறுத்துகிறார். ஞானஸ்நானம் பெற்றதாலேயே அவர்கள் சட்டப்படி விடுதலையாகிவிட மாட்டார்கள் என்று தைரியமும் சொல்கிறார். ஆத்துமாவுக்கு மீட்பு, உடம்புக்குக் கீழ்ப்படிதல். பிறகு வந்த பல பிரசுரங்கள் இந்தத் தடத்திலேயே போயின. உரக்க எதிர்த்தவர்கள் குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர்: 1737இல் பெஞ்சமின் லே, 1754இல் ஜான் வுல்மன். லேயின் நூலை அச்சடித்த பெஞ்சமின் ஃபிராங்க்ளின், அதில் தன் பெயரைப் போட்டுக்கொள்ளவில்லை!

கேள்வி: 1825இல் நியூயார்க்கில் தொடங்கிய, மதத் துண்டுப்பிரசுரங்கள் வெளியிடும் அமெரிக்கன் டிராக்ட் சொசைட்டி என்ற சங்கம் குடி, நடனம் என்று எல்லாவற்றையும் கண்டித்தது. அடிமை முறை பற்றி மட்டும் ஏன் வாய் திறக்கவில்லை? அதை எப்படி நிரூபிப்பது?
– ஆய்வு மாணவி, ஜீவன்பீமா நகர், பெங்களூரு

பதில்: சுவிசேஷக் கிறிஸ்தவர்கள் எல்லோரும் ஏற்பதை மட்டுமே வெளியிடுவது என்பது சங்கத்தின் விதி. தென் மாநிலத்தார் ஏற்காத எதுவும் அச்சேறாமல் இருக்க இந்த ஒரு விதி போதுமாக இருந்தது. மௌனத்தோடு நிற்கவில்லை, கத்தரியும் எடுத்தார்கள். ஆங்கிலேய குவேக்கர் ஜோசப் ஜான் கர்னி, கிறிஸ்தவர்களிடம் உண்மையான அன்பு இருந்திருந்தால் ஆப்பிரிக்க அடிமை வாணிபம் எங்கே இருந்திருக்கும் என்று கேட்டிருந்தார். சங்கத்தின் பதிப்பில் அந்த இடத்தில் பொதுவாக ‘ஒடுக்குமுறை’ என்று மட்டும் இருக்கிறது. அமெரிக்க அடிமை எதிர்ப்பாளர் வில்லியம் ஜே இதை அம்பலப்படுத்தினார்.

நீங்களும் இதே வழியில் போகலாம். லண்டனில் முதலில் வந்து, பிறகு சங்கம் மறுபதிப்புச் செய்த ஒரு நூலை எடுத்துக்கொண்டு, அதன் லண்டன் மூலத்தையும் சங்கத்தின் பதிப்பையும் பத்தி பத்தியாக ஒப்பிடுங்கள். ஒரு வாக்கியம் காணோம் என்றதும் முடிவுக்கு வந்துவிடாதீர்கள். பக்கத்தை மிச்சப்படுத்தச் சுருக்கியதாகவும் இருக்கலாம். முன்னும் பின்னும் உள்ள வாக்கியங்கள் முழுசாக இருந்து, அடிமை பற்றிய வரி மட்டும் போயிருந்தால்தான் அது சாட்சி. எந்த லண்டன் பதிப்போடு ஒப்பிட்டீர்கள் என்பதையும் குறித்து வையுங்கள். ஆசிரியரே பிற்பாடு திருத்தியிருந்தால் உங்கள் வாதம் கவிழ்ந்துவிடும்.

பெயரிலும் ஒரு பொறி இருக்கிறது. அடிமை முறை பற்றிய பூசலில் 1859இல் பாஸ்டன் கிளை பிரிந்துபோனது. ஆனால் அதே பெயரைத்தான் வைத்துக்கொண்டது. எனவே முகப்பில் ஊர்ப் பெயரைப் பார்க்காமல் மேற்கோள் காட்டினால், அடிமை எதிர்ப்பாளர் எழுதியதை நியூயார்க்கார் தலையில் கட்டிவிடுவீர்கள். ஆண்டு அச்சிடாத பிரசுரங்கள் ஏராளம் என்பதால் இந்தத் தவறு எளிதில் நடக்கும்.

கேள்வி: இவற்றைப் பெங்களூரிலிருந்தே படிக்க முடியுமா?
– வாசகர், சிவாஜிநகர்

பதில்: முடியும். இன்டர்நெட் ஆர்க்கைவ், ஹாத்தி டிரஸ்ட் என்ற இணைய நூலகங்களில் நிறையவே இலவசமாகக் கிடைக்கின்றன. 1800க்கு முந்தைய அச்சில் ‘எஸ்’ எழுத்து பல இடங்களில் ‘எஃப்’ போல நீளமாக இருக்கும்; கணினி அதை ‘எஃப்’ என்றே படித்துவிடும். ‘ஸ்லேவ்’ (slave) என்று தேடி ஒன்றும் சிக்காவிட்டால் முதல் எழுத்தை ‘எஃப்’ ஆக்கித் தேடுங்கள். ‘சர்வன்ட்’ (servant, வேலைக்காரர்) என்றும் தேடுங்கள். அடிமையை அப்படித்தான் பலர் எழுதினார்கள். இந்தியாவில் வேலைசெய்த மிஷன்களின் ஆவணங்கள் வேண்டுமானால் மில்லர்ஸ் சாலையில் உள்ள யுனைடெட் தியாலஜிக்கல் காலேஜின் ஆவணக் காப்பகத்தை அணுகலாம். நேரில் போகும் முன் கடிதம் எழுதி அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள்.